ஸ்டொப் வொட்ச் இல்லாத காலை

(தலவாக்கலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டக் கோயில் ஒன்றில், வாலிபர் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

போதகர் ஐயா, தாய்மாரே, தகப்பன்மாரே, நனைந்த சப்பாத்தை வாசலில் கழற்றி வைத்துவிட்டு வந்திருக்கிற பிள்ளைகளே, எல்லாருக்கும் கர்த்தருக்குள் வணக்கம்.

பாடசாலைப் பிள்ளைகளின் வலயமட்ட ஓட்டப் போட்டி இல்லை என்று வியாழக்கிழமை பின்னேரம் செய்தி வந்தது. மண்சரிவு எச்சரிக்கை சிவப்புக்குப் போய்விட்டது, மைதானத்தில் கணுக்கால் அளவுக்குத் தண்ணீர். நிறுத்தியது சரிதான். மழையோடு விளையாடக் கூடாது என்று லய வரிசை வீடுகளில் இருக்கிறவர்களுக்கு யாரும் படிப்பிக்கத் தேவையில்லை. ஆனால் சரியான முடிவும் வலிக்கும். அந்த வலியைப் பற்றிப் பேசத்தான் வந்தேன்.

"அடுத்த வருஷம் இருக்குத்தானே" என்று வீட்டில் சொல்லியிருப்பீர்கள். பெரியவர்களே, 20 வயதுக்குட்பட்ட பிரிவில் கடைசி வருஷம் ஓடுகிற பிள்ளைக்கு அடுத்த வருஷம் கிடையாது. வயது தாண்டிவிடும். கோட்டம், வலயம், மாகாணம் என்று ஏறித்தான் தேசிய மட்டத்தைத் தொட வேண்டும். நடுவில் ஒரு படி போனால் மேலே இருப்பது எதுவும் எட்டாது. அதுவும் எங்கள் பிள்ளைகள்! இந்தச் சரிவில் சமதரை எங்கே இருக்கிறது? அம்மா காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கிற பெரட்டுக்குப் போவதற்கு முன்னமே எழும்பி, பனிக்குள் தார் ரோட்டில் ஓடிப் பழகிய கால்கள் இவை. இதைச் சின்ன விஷயம் என்று சொல்ல எனக்கு மனம் வராது.

2020 மார்ச் 13 உங்களுக்கு ஞாபகம் இருக்கும். கொரோனாவுக்காகப் பள்ளிக்கூடங்களை மூடினார்கள். அதே நாளில் கொழும்பில் பயிற்சி ஆட்டம் ஆடிக்கொண்டிருந்த இங்கிலாந்து கிரிக்கெட் அணியும் பாதியில் விட்டுவிட்டு ஊருக்குப் புறப்பட்டது. ஒரு வாரத்தில் நாடு முழுக்க ஊரடங்கு. (ஊரடங்கு நாட்டுக்குத்தான், தேயிலைக் கொழுந்துக்கு இல்லை. மலையில் வேலை நடந்தது.) நான் அப்போது உடற்கல்வி ஆசிரியர். என்னிடம் 1500 மீற்றர் ஓடுகிற ஒரு பிள்ளை இருந்தாள். அவளுக்கு அதுதான் கடைசி வருஷம்.

போட்டி நின்றுபோனதும் எனக்குப் போன் எடுத்தாள். நான் உடனே வசனத்துக்குப் போனேன். "சகலமும் நன்மைக்கு ஏதுவாக நடக்கிறது, மகள்." கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு சொன்னாள்: "அது எனக்குத் தெரியும் சேர். நான் அழுது முடிச்ச பிறகு சொல்லுங்க."

ஊழியத்தில் நான் கேட்ட நல்ல பிரசங்கங்களில் அது ஒன்று. லாசருவின் கல்லறைக்கு முன்னால் இயேசு கண்ணீர் விட்டார் என்று யோவான் எழுதுகிறார். கொஞ்ச நேரத்தில் அவனை எழுப்பப் போகிறவர் அவர்! முடிவு தெரிந்தவரே அழுதார் என்றால், முடிவு தெரியாத பிள்ளையை அழாதே என்று தடுக்க நான் யார்?

இன்னொரு பழக்கமும் நமக்கு உண்டு. எது நின்றாலும் "கடவுள் ஒரு காரணத்தோடுதான் நிறுத்தினார்" என்போம். காரணத்தையும் நாமே கண்டுபிடித்துக் கொடுப்போம். அப்போஸ்தலர் 16-ஆம் அதிகாரத்தைப் பாருங்கள். பவுலும் கூட்டாளிகளும் பித்தினியாவுக்குப் போகப் பிரயத்தனம்பண்ணினார்கள், "ஆவியானவரோ அவர்களைப் போகவொட்டாதிருந்தார்". தடுத்தது யார் என்று எழுதியிருக்கிறது. ஏன் என்று ஒரு வரி இல்லை. அவர்கள் துரோவாவுக்கு இறங்கினார்கள், பிலிப்பிக்குப் போனார்கள், அங்கே அடி வாங்கிச் சிறையில் கிடந்தார்கள், நடுராத்திரியில் பாடினார்கள். பித்தினியா ஏன் இல்லை என்பதற்குப் பதில் கிடைத்த பிறகா பாடினார்கள்? அப்படி வேதத்தில் இல்லை.

ஓட்ட வீரர் எரிக் லிடெல் கதை ஓய்வுநாள் பாடசாலையில் கேட்டிருப்பீர்கள். 1924 பாரிஸ் ஒலிம்பிக்கில் ஞாயிற்றுக்கிழமை என்பதற்காக 100 மீற்றரை விட்டார், 400 மீற்றரில் தங்கம் எடுத்தார். அந்தப் பகுதி இன்றைக்கு நமக்கு அவ்வளவு பொருந்தாது. அந்த ஓட்டத்தை அவராகத்தான் விட்டார். உங்களிடமிருந்து எடுத்துவிட்டார்கள். எனக்குப் பிடித்தது பிந்திய லிடெல். சீனாவில் மிஷனரியாக இருந்தவரை 1943-இல் ஜப்பானியர் வெய்ஷியன் முகாமில் அடைத்தார்கள். மனைவியும் மூன்று பெண் பிள்ளைகளும் கனடாவில். கடைசி மகளை அவர் கண்ணாலேயே பார்த்ததில்லை. முகாமில் தாய்தகப்பனைப் பிரிந்த பள்ளிப் பிள்ளைகள் இருந்தார்கள். அவர்களுக்கு விஞ்ஞானம் படிப்பித்தார், விளையாட்டு நடத்தினார். ஞாயிற்றுக்கிழமை மட்டும் மாட்டேன் என்றார். பிள்ளைகள் தாங்களாகவே ஹொக்கி ஆடி அடிபிடியில் முடிந்ததும், மத்தியஸ்தம் செய்ய அந்த ஞாயிறிலேயே இறங்கிவிட்டார். தங்கப் பதக்கத்துக்காக விட்டுக்கொடுக்காத நாளைப் பிள்ளைகளுக்காக விட்டுக்கொடுத்தார். 1945 பெப்ரவரியில், 43 வயதில், முகாமுக்கு விடுதலை வர ஆறு மாதம் இருக்கும்போது மூளைக் கட்டியால் இறந்துபோனார்.

"உலகம் கொடுக்கிறபிரகாரம் நான் உங்களுக்குக் கொடுக்கிறதில்லை" என்று இயேசு சமாதானத்தைப் பற்றிச் சொன்னது எந்த ராத்திரி? அவரைப் பிடித்துக்கொண்டு போன ராத்திரி. உலகம் கொடுக்கிற சமாதானம் முடிவு அறிவித்த பிறகு வரும், அதுவும் முதல் மூன்று பேருக்கு. நானும் என் பிள்ளைகளுக்கு அதைத்தான் கொடுத்து வந்திருக்கிறேன். நேரம் குறைந்தால் சிரித்தேன், கூடினால் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

அந்தப் பிள்ளை ஊரடங்கில் சும்மா இருக்கவில்லை. லயத்துக்கும் கோயிலுக்கும் நடுவில் உள்ள படிக்கட்டில் தினமும் ஏறி இறங்கி ஓடினாள். பல மாதம் கழித்துக் கண்டபோது சொன்னாள்: "முதல் தரம் யாரும் டைம் எடுக்கல்ல சேர். ஓடுற நேரம் ஜெபம் தானா வந்துச்சு." அவளுக்குச் சான்றிதழ் கிடைக்கவில்லை. இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்குக் கவலைதான், அவளுக்கும் இருக்கும். கேட்டால் மறைக்க மாட்டாள்.

நேரமாகிவிட்டது, போதகர் ஐயா மணிக்கூட்டைப் பார்க்கிறார். பிள்ளைகளே, எச்சரிக்கையை எடுத்துவிட்டால், மழையும் விட்டிருந்தால், நாளைக்குக் காலை ஆறு மணிக்கு இந்தக் கோயில் படிக்கட்டடியில் நிற்பேன். வருகிறவர்கள் வாருங்கள். அழ வேண்டியவர்கள் அழுதுவிட்டுப் பிந்தி வந்தாலும் பரவாயில்லை. ஸ்டொப் வொட்சை வீட்டில் வைத்துவிட்டு வருகிறேன்.