முகத்துவாரத்துக்கு வடிவா ஆழக்கோடு போட்ட சார்ட்டை நம்பலாமா? | பாய்ப்படகுக்கு எந்த சார்ட் எடுக்கிற?

வணக்கம் மக்களே. இண்டைக்குப் பாய் தைக்கிற வீடியோவோட ரெண்டாம் பகுதிதான் வரவேணும். அது அடுத்த கிழமை. போன வீடியோவுக்குக் கீழ ஒரு தம்பி ஸ்க்ரீன்ஷாட் ஒண்டு போட்டிருந்தார். பாலமீன்மடு முகத்துவாரத்துச் சார்ட், அதாவது தண்ணி ஆழம் காட்டுற கடல் வரைபடம். அரை மீட்டர் ஆழத்துக்கு ஒரு கோடு, நடுவால வாவிக்குள்ள போறதுக்கு வாய்க்கால் ஒண்டு. "அண்ணா, இந்த ஆப்புல எல்லாம் துல்லியமா இருக்கே, நீங்க ஏன் லேப்டாப்பக் கட்டிக்கிட்டு மினக்கெடுறீங்க?" எண்டு கேக்கிறார். தம்பி, உங்களில கோவமில்ல. அந்தக் கோட்டிலதான் எனக்கு எரிச்சல்.

அந்த முகத்துவாரம் எப்பிடிப்பட்ட இடமெண்டு மட்டக்களப்பில எல்லாருக்கும் தெரியும். மாரியில வெள்ளம் வந்தா வெட்டி விடுவாங்க, தண்ணி அடிச்சுக்கொண்டு கடலுக்குப் போகும். மறுகா மழை விட்டாப் பிறகு கடல் மண்ணைக் கொண்டுவந்து மூடும். வெட்டின இடமும் ஆழமும் வருசத்துக்கு வருசம் மாறும். அதுக்கு அரை மீட்டர் கோடு போடுறதெண்டா யாரோ ஒருத்தர் சோனாரோட, ஒலியால ஆழம் அளக்கிற கருவியோட, அதுக்கு மேலால குறுக்கும் நெடுக்கும் போயிருக்க வேணும், அதுவும் கிட்டடியில. நேவியானிக்ஸ், சி-மேப் ரெண்டும் தனியார் சார்ட் கம்பனி. நேவியானிக்ஸ்ல சோனார்சார்ட் எண்டு ஒரு லேயர் இருக்கு, சி-மேப்புக்கு ஜெனிசிஸ் இருக்கு. போட்காரங்க தங்கட எக்கோ சவுண்டர் பதிவை அனுப்புவாங்க, கம்பியூட்டர் அந்தப் புள்ளிகளுக்கு நடுவில கோடு வரையும். மீன்பிடிக்கப் போறவங்க ஆயிரக்கணக்கில பதிவு அனுப்புற ஏரிகளில அது நல்ல சாமான். பதிவு குறைஞ்ச இடத்தில? ரெண்டு புள்ளிக்கு நடுவில உள்ள முழுக்க ஊகம். வாய்க்கால் இல்லாத இடத்திலயும் வடிவா வாய்க்கால் வரும். கோடு கிட்டக்கிட்ட இருந்தா நல்லா அளந்திருக்காங்க எண்டு நினைக்காதீங்க.

சரி, அப்ப எந்த சார்ட்? கம்பனிப் பேரை மறுகா பாக்கலாம். முதல்ல கேக்க வேண்டியது: இந்தத் தண்ணிய யார் அளந்தது, எப்ப அளந்தது, எதால அளந்தது?

அதிகாரபூர்வ இலத்திரனியல் சார்ட், ஈஎன்சி எண்டு சொல்றது, ஒரு நாட்டு நீரளவை அலுவலகம் வெளியிடுறது. எஸ்-57 எண்டுற ஃபோர்மற். மொனாக்கோவில இருக்கிற சர்வதேச நீரளவை அமைப்பு வகுத்தது. இப்ப எஸ்-101 வருது, 2029ல இருந்து கப்பல்ல புதுசாப் பூட்டுற சிஸ்டம் அதை வாசிக்க வேணும். எங்களுக்கு அதால ஒண்டும் குடி முழுகாது. நேவியானிக்ஸ், சி-மேப் மாதிரித் தனியார் சார்ட்டும் அடியில பெரும்பாலும் அந்த அதிகாரபூர்வத் தரவுதான், அதுக்கு மேல தங்கட சாமானைப் பூசி வடிவாக்கித் தருவாங்க. ஒரே சோத்துக்கு ரெண்டு கறி. அதனால ரெண்டு ஆப்பில ஒரே ஆழம் வந்தா "ரெண்டு சாட்சி" எண்டு நினைக்க வேணாம். மூலம் ஒண்டா இருக்கலாம்.

எஸ்-57 கோப்பு ஒவ்வொண்டுக்கும் ஒரு பேர் இருக்கும். முதல் ரெண்டு எழுத்து தயாரிச்ச நாடு, மூண்டாவது ஒரு இலக்கம், 1ல இருந்து 6 வரைக்கும். 1 எண்டா பெருங்கடல் பார்வை, 2 பொது, 3 கரையோரம், 4 துறைமுகத்துக்குக் கிட்டப் போற தரம், 5 துறைமுகம், 6 கப்பலை அணைச்சு நிப்பாட்டுற இடம். திருகோணமலைக்கு 5 கிடைக்கும் எண்டு எதிர்பாக்கலாம். கல்லாறுக்கும் கோமாரிக்கும் அப்பிடி எதிர்பாக்காதீங்க. உங்கட இடத்துக்கு 3தான் இருக்கெண்டா, அதை எவ்வளவு பெருப்பிச்சாலும் அது 3தான். எழுத்துப் பெருசாகும், உண்மை பெருசாகாது. பெருப்பிக்கக்குள்ள "ஓவர்ஸ்கேல்" எண்டு வரும் அல்லது திரையில செங்குத்துக் கோடு கோடா விழும். அதைக் கண்டா விரலை எடுங்க.

ஆ, சொல்ல மறந்திட்டன். "அமெரிக்காக்காரன் எல்லாம் இலவசமாத் தாறான், இறக்கிட்டன், ஆனா இலங்கை வெள்ளையாக் கிடக்கு" எண்டு ரெண்டு மூண்டு பேர் எழுதியிருந்தீங்க. நோவா எண்டுற அமெரிக்க அரச நிறுவனம் குடுக்கிற இலவசம் அமெரிக்கத் தண்ணிக்கு மட்டும்தான். ஓபன்சிபிஎன், நான் லேப்டாப்ல சார்ட் பாக்கிற மென்பொருள், அதைப் படிக்கிறதுக்கு அது நல்லம், அறுகம்பைக்கு உதவாது.

இப்ப முக்கியமானது, ஸோக். சர்வே தரக் குறியீடு. ஏ1, ஏ2, பி, சி, டி, யு. சார்ட்ல நட்சத்திரமாக் காட்டும்: ஏ1க்கு ஆறு, ஏ2க்கு அஞ்சு, பிக்கு நாலு, சிக்கு மூண்டு, டிக்கு ரெண்டு. யு எண்டா மதிப்பிடவே இல்ல. பி எண்டா இடம் 50 மீட்டர் பிழைக்கலாம், ஆழம் 1 மீட்டரும் ஆழத்தில 2 வீதமும். சி எண்டா இடம் 500 மீட்டர், ஆழம் 2 மீட்டரும் 5 வீதமும். கணக்குப் பாருங்க: சார்ட் 10 மீட்டர் எண்டு சொல்ற இடத்தில சி தரமெண்டா இரண்டரை மீட்டர் கூடக் குறைய இருக்கலாம். பாறை ஒண்டு கீறியிருக்கிற இடத்தில இருந்து அரைக் கிலோமீட்டர் தள்ளியும் இருக்கலாம்! டி அதைவிட மோசம். அது சார்ட்காரனே சொல்றது, நான் பயமுறுத்தேல்ல.

ஓபன்சிபிஎன்ல டேட்டா குவாலிட்டியைக் காட்டச் சொல்லி ஆன் பண்ணுங்க. மறுகா அந்த இடத்தில வலது கிளிக், ஒப்ஜெக்ட் குவெரி. வாற பட்டியல்ல ஸோக் தரமும், குடுத்திருந்தா சர்வே முடிஞ்ச திகதியும் இருக்கும். இதைக் காட்டாத ஆப் எனக்குப் பிடிக்காது. எவ்வளவு வடிவா இருந்தாலும் பிடிக்காது. முப்பரிமாணக் கடலடி எல்லாம் காட்டுறாங்க, எப்ப அளந்தது எண்டதைத் தேட நாலு மெனு தாண்ட வேண்டிக் கிடக்கு.

ராஸ்டரா வெக்டரா? உங்களுக்குத் தெரியும், நான் ராஸ்டர் ஆள். ராஸ்டர் எண்டா கடதாசி சார்ட்டோட படம். ஒண்டையும் மறைக்காது. வெக்டர் தரவுத்தளம், வெளிய சூம் பண்ணினா "இந்த அளவுக்கு இது வேணாம்" எண்டு சிலதை அதுவாவே மறைக்கும். 2014 நவம்பர் 29 வோல்வோ ஓஷன் ரேஸ்ல ரீம் வெஸ்டாஸ் விண்ட் எண்டுற போட் மொரிசியசுக்கு வடக்கால கார்கடோஸ் கராஜோஸ் பாறைத்திட்டில ராவில ஏறினது. உலகத்திலயே சிறந்த ஓட்டிகள். மறுகா விசாரணையில வந்தது, போதுமான அளவு பெருப்பிச்சுப் பாக்கேல்ல எண்டது. குறைஞ்ச சூம்ல அந்தத் திட்டு ஆபத்தாத் தெரியேல்ல. அதனால வெக்டர்ல பாதை கீறினா, கீறின கோடு முழுக்கப் பெருப்பிச்சு ஒருக்கா வழிச்சுப் பாருங்க. குறிப்பா அறுகம்பையில இருந்து தெற்கால போறவங்க. லிட்டில் பாசஸ், கிரேட் பாசஸ் ரெண்டு திட்டும் கரையை விட்டுத் தள்ளித்தான் கிடக்கு. 1870களில வெளிச்சவீடு கட்டினது சும்மா இல்ல.

வீட்டில இருந்து பண்ணிப் பாக்க ஒரு சோதனை. மட்டக்களப்புக்கு வெளிய 1942 ஏப்ரல் 9 தாண்ட ஹெர்மிஸ் கப்பல், 50 மீட்டருக்குக் கீழ கிடக்கு. உங்கட சார்ட்ல அதைத் தேடுங்க. மறுகா மெல்லமா வெளிய சூம் பண்ணுங்க. எந்த அளவில சின்னம் காணாமப் போகுது? அதுதான் உங்கட ஆப்போட குணம்.

இப்ப சேஃப்டி கொன்ரூர், அதாவது பாதுகாப்பான தண்ணிக்கும் ஆழம் குறைஞ்ச தண்ணிக்கும் நடுவில சிஸ்டம் காட்டுற எல்லைக்கோடு. இதில மினக்கெடப் போறன், கோவிக்க வேணாம். உங்கட போட் 1.2 மீட்டர் தண்ணிக்குள்ள நிக்குது எண்டு வைங்க. அலைக்கு, பிழைக்குச் சேத்து 3 மீட்டர் எண்டு போடுறீங்க. ஆனா சார்ட்ல இருக்கிற கோடு 2, 5, 10, 20, 30. 3 இல்ல. அப்ப சிஸ்டம் என்ன செய்யும்? அடுத்த ஆழமான கோட்டை எடுக்கும், 5. திடீரெண்டு கரைப்பக்கம் முழுக்கக் கரு நீலமாகும். ஆக்களுக்குக் கோவம் வரும், "இது சும்மா பயப்படுத்துது" எண்டு 2க்கு இறக்குவாங்க. இப்ப 2.1 மீட்டரும் 4.9 மீட்டரும் ஒரே "பாதுகாப்பு" நிறம். பிழைக்கிற இடம் இதுதான். கொன்ரூரை 3லயே விடுங்க, 5ஐக் காட்டட்டும். சேஃப்டி டெப்த் எண்டு இன்னொரு பெட்டி இருக்கு, அது தனி ஆழ எண்களுக்கு. அதிலயும் 3 போடுங்க. 3ம் அதுக்குக் குறைஞ்ச எண்ணும் தடிச்ச கறுப்பில வரும். கரு நீலத்துக்குள்ள போக வேண்டி வந்தா அந்த எண்களைப் பாத்துப் போகலாம். ஆழத்தைக் காட்டுற நிறத்தையும் ரெண்டில இருந்து நாலாக்குங்க. சேஃப்டி கொன்ரூருக்கு ஒண்டும் போடாம விட்டா, கப்பல் சிஸ்டத்தில 30 மீட்டர் எண்டு எடுக்கும். எங்களுக்கு அப்பிடி வந்தா கடல் முழுக்க ஆபத்துத்தான்.

இதோட ஒண்டு, எங்கட பக்கம் வத்துப் பெருக்கு ஒரு மீட்டர்கூட இல்ல. வேற நாட்டு வீடியோவில "தரை தட்டினா ஆறு மணித்தியாலம் காத்திருங்க, தண்ணி ஏறும்" எண்டு சொல்லுவாங்க. இஞ்ச ஏறுறது முழங்கால் அளவு. நம்பி இருக்க ஏலாது.

பழைய ஆக்கள் ஆழத்தைப் பாகத்தில சொல்லுவாங்க, அதையும் குறிச்சு வைங்க, நல்ல தகவல். ஒரு பாகம் 1.83 மீட்டர். மூண்டு பாகம் எண்டா அஞ்சரை மீட்டர். பழைய சார்ட்ல எண் பாகமா மீட்டரா எண்டு தலைப்பைப் பாருங்க. மீட்டர் எண்ணைப் பாகமெண்டு வாசிச்சாத்தான் உயிருக்கு உலை. டேட்டம் எண்டு சொல்றது, படம் எந்த அடிப்படையில இடத்தைக் குறிக்குது எண்டது, அதையும் பாருங்க. ஜிபிஎஸ் டபிள்யூஜிஎஸ் 84 எண்டுற டேட்டத்தில சொல்லும். பழைய இலங்கைப் படங்கள் கந்தவல டேட்டத்தில இருக்கும், மாத்தாமப் போட்டா நீங்க ரோட்டில ஓடுற மாதிரிக் காட்டும்.

முகத்துவாரத்துக்கும் ஒலுவிலுக்கும் வாறன். ஒலுவில் துறைமுக வாயில மண் ஏறுறது ஊரறிஞ்ச கதை. சார்ட்ல தோண்டின ஆழம் போட்டிருந்தா பக்கத்தில ஆண்டு இருக்கும். அந்த ஆண்டுக்குப் பிறகு அந்த எண்ணுக்கு உத்தரவாதம் இல்ல. இந்த மாதிரி இடத்துக்கு நான் நம்பிறது செய்மதிப் படம். சென்டினல்-2, இலவசம், 10 மீட்டருக்கு ஒரு புள்ளி, சில நாளுக்கு ஒருக்கா புதுப் படம். கோப்பர்னிக்கஸ் பிரவுசர் எண்டுற இணையத்தளத்தில போய் முகில் குறைஞ்ச திகதியைத் தெரிஞ்சு, ட்ரூ கலர்ல ஜியோடிஃப் ஆ, இடக்குறிப்போட வாற படக் கோப்பா, இறக்குங்க. கியூஜிஐஎஸ் எண்டுற வரைபட மென்பொருள்ல திறந்து, எக்ஸ்வைஇசட் டைல்ஸ் எண்டுற கருவியால எம்பிடைல்ஸ் கோப்பா, படத்தைத் துண்டு துண்டா வைக்கிற கோப்பா, ஆக்குங்க. சூம் 10ல இருந்து 14 வரைக்கும் காணும்! 14ல ஒரு புள்ளி கிட்டத்தட்ட 10 மீட்டர், படத்திலயும் அவ்வளவுதான் இருக்கு. 18 வரைக்கும் போட்டுக் கோப்பைப் பல மடங்கு பெருப்பிச்சிட்டு "ஃபோன் நிரம்பிட்டு" எண்டு அழ வேணாம். இதைக் கண்டுபிடிச்ச சந்தோசத்திலதான் இந்த வீடியோவே இவ்வளவு நீளம். மறுகா ஓபன்சிபிஎன், ஒப்ஷன்ஸ், சார்ட்ஸ், சார்ட் ஃபைல்ஸ், ஃபோல்டரைச் சேருங்க. மண் திட்டு வெளிறித் தெரியும், அலை உடையிற இடம் வெள்ளைக் கோடாத் தெரியும். ஆழம் சொல்லாது. ஆழத்துக்கு ஈயக்குண்டு கட்டின கயிறு, அரை மீட்டருக்கு ஒரு முடிச்சு. வாவிக்குள்ளயும் அதேதான். சார்ட்ல வாவி நீலமா இருந்தாப்போல அளந்தது எண்டில்ல. எண் இருக்கா பாருங்க.

அப்ப வாங்கிறதெண்டா? ஓபன்சிபிஎன் கம்பியூட்டருக்கு இலவசம், விண்டோஸ், லினக்ஸ், மேக், ஆண்ட்ராய்டு எல்லாத்திலயும் ஓடும். அதுக்குப் பூட்டுப் போட்ட சார்ட்டை ஓ-சார்ட்ஸ் எண்டுற இணையக் கடையில விலைக்கு எடுக்கலாம். லைசென்ஸ் உங்கட மெஷினோட இல்லாட்டி ஒரு யுஎஸ்பி டொங்கிளோட கட்டுப்படும். டொங்கிள் ஆண்ட்ராய்டில வேலை செய்யாது. ஃபோன்ல ரெண்டாவதா ஒரு தனியார் ஆப், வருசச் சந்தா. ரெண்டுக்கும் காசு குடுக்க முன்னம் கவரேஜ் படத்தைத் திறந்து வாழைச்சேனை தொடக்கம் பொத்துவில் வரைக்கும் எந்த அளவுத் தரவு இருக்கு எண்டு பாருங்க. சந்தா தானாப் புதுப்பிக்கிறதையும் அண்டைக்கே நிப்பாட்டுங்க, டொலர்ல வெட்டும்.

கடலுக்குப் போக முன்னம் ஃபோன்ல டேட்டாவை நிப்பாட்டி, உங்கட பாதையைப் பெருப்பிச்சுப் பாருங்க. மங்கலாத் தெரிஞ்சா சார்ட் இறங்கேல்ல. உப்புத் தண்ணி பட்ட திரை தானாச் சூம் ஆகும், விரலுக்குக் கேக்காது. ஈரமெண்டா ஸ்க்ரீனைப் பூட்டிட்டுத் துடையுங்க. வெயில்ல பைக்குள்ள போட்ட ஃபோன் சூடேறி வெளிச்சத்தைக் குறைக்கும், சார்ஜும் ஏறாது. நிழல்ல பூட்டுங்க.

கடைசியா ஒரு கேள்வி இருந்தது, "ஐபேட் வாங்கலாமா?" வாங்கலாம். ஆனா வைஃபை மட்டும் உள்ள ஐபேட்டுக்குள்ள ஜிபிஎஸ் இல்ல. சிம் போடுற மொடல் எடுங்க, இல்லாட்டிப் புளூடூத் ஜிபிஎஸ் ஒண்டு தனியா வாங்க வேணும். கடைக்காரர் "லொகேசன் வரும்" எண்டுவார். வரும், வைஃபை இருக்கிற கடைக்குள்ள.