பந்து கோட்டைத் தாண்டியிருந்தது

நேயர்கள் எல்லாருக்கும் வணக்கம். சிங்கப்பூர்க் காலாங்கில் பழைய தேசிய அரங்கத்தில் மலேசியக் கிண்ணக் காற்பந்து ஆட்டம் பார்த்தவர்கள் யாராவது இப்போது கேட்டுக்கொண்டிருந்தால், இந்தச் சத்தம் உங்கள் காதில் இன்னும் இருக்கும். ‘ரெஃப்ரி காயு! ரெஃப்ரி காயு!’ மலாயில் காயு என்றால் மரக்கட்டை, நடுவர் ஒன்றுக்கும் ஆகாதவர் என்று ஏசுவது. அரங்கம் முழுக்கச் சீனர், மலாய்க்காரர், தமிழர் எல்லாரும் ஒரே தாளத்தில் கத்துவோம். அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்து, என்ன தப்பு நடந்தது என்றே தெரியாமல், நானும் தொண்டை கட்டும்வரை கத்தியிருக்கிறேன்.

இன்று நான் வார இறுதிகளில் விசில் ஊதுகிறேன். சம்பளத்துக்கு வேறு வேலை இருக்கிறது. சனி, ஞாயிறு மட்டும் பையன்கள் ஆட்டம், கம்பெனி ஆட்டம், அக்கம்பக்கத்துக் குழுக்கள் ஆட்டம். பன்னிரண்டு ஆண்டுகளாக இதைச் செய்கிறேன். இன்றைக்கு என்னைப் பேசக் கூப்பிட்டபோது, நடுவர்கள் பாவம் என்று சொல்வதற்கு மட்டும் நான் வரமாட்டேன், நான் செய்த ஒரு தப்பையும் சொல்வேன் என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். அதிலிருந்தே தொடங்குகிறேன்.

போன ஆண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை, 15 வயதுக்குட்பட்ட பையன்கள் ஆட்டம். மழை விட்டுச் சிறிது நேரம்தான் ஆகியிருந்தது, திடலில் கால் வைத்த இடமெல்லாம் சொதசொத என்று இருந்தது. 2-1 என்ற நிலையில் கடைசி இரண்டு மூன்று நிமிடம். பின்தங்கியிருந்த அணியின் பையன் ஒருவன், ஒல்லியாக, சட்டை தொளதொளவென்று தொங்க, தூரத்திலிருந்து ஓங்கி உதைத்தான். பந்து மேல்கம்பத்தில் பட்டு நேரே கீழே விழுந்தது, கோல்கீப்பர் பாய்ந்து வாரி அணைத்துக்கொண்டான். பையன்கள் கையைத் தூக்கிக்கொண்டு ‘கோல், ரெஃப், கோல்!’ என்று என்னை நோக்கி ஓடி வந்தார்கள். நான் இருபத்தைந்து மீட்டர் தள்ளி நிற்கிறேன், எனக்கும் கோட்டுக்கும் நடுவே நாலைந்து பேருடைய கால்கள். கோட்டோரம் நின்று உதவும் லைன்ஸ்மேன் கிடையாது, இந்த மாதிரி ஆட்டங்களுக்குப் பெரும்பாலும் ஒரே ஒரு நடுவர்தான். பந்து தாண்டியதை நான் பார்க்கவில்லை. பார்க்காத கோலைக் கொடுக்க முடியாது. ஆடுங்கள் என்று கை காட்டினேன்.

அப்புறம் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஒரு தகப்பனார் கம்பிவேலியைப் பிடித்துக்கொண்டு தமிழில் திட்டினார், என் அம்மாவையும் சேர்த்து. சுற்றி இருந்தவர்களில் பலருக்குப் புரியாது, எனக்கு நன்றாகப் புரியும், அதனால்தான் தமிழில். ஆட்டம் முடிந்து கார் நிறுத்துமிடம் வரைக்கும் இரண்டு பேர் என் பின்னாலேயே வந்தார்கள். கையை ஓங்கவில்லை, ஆனால் கார்க் கதவைச் சாத்தும்போது என் கை நடுங்கியது.

அன்று ராத்திரி வாட்ஸ்அப்பில் ஒரு காணொளி வந்தது. கோலுக்குப் பக்கவாட்டில் நின்ற யாரோ கைப்பேசியில் எடுத்தது, ஆறே வினாடிதான். பந்து முழுசாக உள்ளே விழுகிறது. வெள்ளைக் கோட்டுக்கும் பந்துக்கும் நடுவே ஈரப்புல் பச்சையாகத் தெரிகிறது. நான் அதை எத்தனை தடவை போட்டுப் பார்த்தேன் என்று கணக்கில்லை.

மறுநாள் போட்டி ஏற்பாட்டாளர்களைக் கூப்பிட்டேன். தப்பு என்னுடையது, அந்த அணியிடம், முக்கியமாக அந்தப் பையனிடம், நேரில் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன் என்றேன். ‘வேண்டாம் சார், நீங்களே ஒத்துக்கொண்டால் புகார் எழுதுவார்கள், மறு ஆட்டம் கேட்பார்கள், பேசாமல் இருங்கள்’ என்றார்கள். நானும் மூன்று வாரம் பேசாமல் இருந்தேன். அந்த மூன்று வாரம் என்னை உறுத்தியது போல அந்தத் தவறான முடிவுகூட என்னை உறுத்தவில்லை.

காற்பந்து ஆட்ட விதிகளில் ஐந்தாவது விதி நடுவரைப் பற்றியது. ஆட்டத்தில் நடந்தவை பற்றி நடுவர் சொல்வதே இறுதி என்கிறது அது. கோல் விழுந்ததா இல்லையா, யார் ஜெயித்தார்கள் என்பது உட்பட. இது தேவையான விதி. இல்லையென்றால் எந்த ஆட்டமும் முடியாது, திங்கட்கிழமை காலையில் வக்கீலைக் கூட்டிக்கொண்டு வருவார்கள். ஆனால் முடிவு இறுதி என்பதை, அதைப்பற்றி யாரும் வாய் திறக்கக்கூடாது, நடுவரும் விளக்கக்கூடாது என்று நாம் புரிந்துவைத்திருக்கிறோம். அதைத்தான் நான் ஏற்கவில்லை.

2010 உலகக் கோப்பையை நினைத்துப் பாருங்கள். தென்னாப்பிரிக்காவின் புளூம்ஃபொன்டைன் நகரில் இங்கிலாந்தும் ஜெர்மனியும். அங்கேயும் 2-1தான், ஃபிராங்க் லாம்பார்ட் அடித்த பந்து மேல்கம்பத்தில் பட்டுக் கோட்டுக்கு நன்றாக உள்ளே விழுந்து வெளியே துள்ளி வந்தது. உலகமே பார்த்தது, உருகுவே நாட்டு நடுவரும் அவருடைய உதவியாளரும் பார்க்கவில்லை. கடைசியில் ஜெர்மனி 4-1 என்று ஜெயித்தது. ஆனால் அந்தத் தப்பை யாரும் மூடி மறைக்கவில்லை. உலகக் காற்பந்து அமைப்பான ஃபிஃபாவின் அப்போதைய தலைவரே மன்னிப்புக் கேட்டார், இரண்டே வருடத்தில், 2012 ஜூலையில், கோல்கோட்டுத் தொழில்நுட்பத்துக்கு அனுமதி கிடைத்தது. இப்போது அது பொருத்தப்பட்ட பெரிய ஆட்டங்களில் பந்து முழுசாகத் தாண்டினால் நடுவரின் கைக்கடிகாரம் அதிர்ந்து சொல்லிவிடுகிறது.

இன்னொன்றைக் கொஞ்சம் விரிவாகவே சொல்லவேண்டும். 2023 செப்டம்பர் 30, இங்கிலாந்து லீக்கில் டாட்டன்ஹாம் லிவர்பூல் ஆட்டம். நம் ஊரில் லிவர்பூல் ரசிகர்கள் எத்தனை பேர் என்று உங்களுக்கே தெரியும், அன்று ராத்திரி கோப்பிக்கடைகளில் என்ன பேச்சு நடந்திருக்கும் என்றும் தெரியும். லூயிஸ் டியாஸ் கோல் அடித்தார், லைன்ஸ்மேன் ஆஃப்சைடு என்று கொடி தூக்கினார், கோல் செல்லாது என்றானது. விஏஆர் அறையில், அதாவது காணொளி பார்த்து நடுவருக்கு உதவும் அறையில், இருந்தவர் காணொளியைப் பார்த்தார், ஆஃப்சைடு இல்லை என்று சரியாகவே கண்டுபிடித்தார். ஆனால் திடலில் கோல் கொடுத்துவிட்டார்கள் என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார். அதனால் ‘சோதனை முடிந்தது’ என்று மட்டும் சொன்னார். திடலில் இருந்தவர்களுக்கு அது ‘ஆஃப்சைடுதான்’ என்று கேட்டது. ஆட்டம் தொடங்கிவிட்டது. சில வினாடியில் அறையில் இருந்தவர்களுக்கு நடந்தது புரிந்துவிட்டது, நிறுத்தச் சொல்லி ஒருவர் கேட்கவும் கேட்டார். ஆட்டம் மறுபடி தொடங்கிவிட்டால் விதி இடம் கொடுக்காது. லிவர்பூல் 2-1 என்று தோற்றது.

மூன்று நாள் கழித்து அந்த உரையாடலின் ஒலிப்பதிவை வெளியிட்டார்கள். நான் வேலைக்குப் போகும் வழியில் எம்ஆர்டி ரயிலில் காதில் மாட்டிக்கொண்டு கேட்டேன். அதுவரைக்கும் அது சதி, காசு வாங்கிவிட்டார்கள் என்று பேசினவர்கள்கூட, அந்தக் குரலில் இருந்த பதற்றத்தைக் கேட்டபிறகு கொஞ்சம் அடங்கினார்கள். மனிதன் ஒருவன் தப்புப் பண்ணிவிட்டோம் என்று உணரும் கணத்தில் குரல் எப்படி மாறும் என்று எல்லாருக்கும் தெரியும். கோபம் போகவில்லை, போகவும் வேண்டியதில்லை. ஆனால் என்ன நடந்தது என்று தெரிந்துவிட்டது. அதற்குப் பிறகு அவர்கள் பேசிக்கொள்ளும் முறையையும் மாற்றினார்கள். நடுவரைப் பொறுப்பேற்க வைப்பது என்றால் இப்படித்தான் இருக்கவேண்டும் என்று நினைக்கிறேன்.

சரி, காசு வாங்கும் நடுவர்கள் இல்லையா என்று கேட்பீர்கள். இருந்திருக்கிறார்கள், அதை நம் ஊரைவிட நன்றாக அறிந்தவர்கள் யார்? 2013-இல் நம் டம்பனிஸ் ரோவர்ஸும் இந்தியாவின் ஈஸ்ட் பெங்காலும் மோதிய ஏஎஃப்சி கோப்பை என்ற ஆசியக் கிளப் போட்டி ஆட்டத்துக்காக லெபனானிலிருந்து வந்த மூன்று நடுவர்கள், ஆட்டத்தை விலைபேசும் கும்பல் ஏற்பாடு செய்த பெண்களை லஞ்சமாக ஏற்றதற்காக இங்கே கைதானார்கள், குற்றத்தை ஒப்புக்கொண்டு சிறைக்கும் போனார்கள். சரியான தண்டனை. நான் சொல்வது, அந்த மூன்று பேரும் மழையில் பந்தைத் தவறவிட்ட ஒருவனும் ஒரே ரகம் இல்லை. திருட்டுக்குப் போலீசும் நீதிமன்றமும் இருக்கின்றன. பிழைக்கு மறுபார்வையும் பயிற்சியும் வேண்டும், பிழை திரும்பத் திரும்ப வந்தால் பெரிய ஆட்டங்களிலிருந்து அவரை எடுத்துவிடவேண்டும், அதில் எனக்குத் தயக்கமே இல்லை. ஆனால் நாம் பிழை செய்தவரைத் திருடன் என்று கூப்பிடுகிறோம். அப்படிக் கூப்பிட்டால் எவன் தன் பிழையை ஒத்துக்கொள்வான்?

மிரட்டல் என்ன செய்யும் என்பதற்கு ஆண்டர்ஸ் ஃபிரிஸ்கைச் சொல்லலாம், ஸ்வீடன்காரர், ஐரோப்பாவின் மிக நல்ல நடுவர்களில் ஒருவர். 2005-இல் பார்சலோனா செல்சி ஆட்டத்துக்குப் பிறகு கொலை மிரட்டல்கள் வர, குடும்பத்துக்குப் பயந்து விசிலைக் கீழே வைத்துவிட்டார். அவரைக் குற்றம்சாட்டிப் பேசிய செல்சி பயிற்சியாளருக்கு இரண்டு ஆட்டத் தடைதான் கிடைத்தது. 2023 டிசம்பரில் அங்காராவில் நடந்ததை நீங்களே தொலைக்காட்சியில் பார்த்திருப்பீர்கள். கடைசி நேரத்தில் விழுந்த கோலால் ஆட்டம் 1-1 ஆனது, உள்ளூர்க் கிளப்பின் தலைவரே திடலுக்குள் ஓடிவந்து நடுவர் ஹலில் உமுத் மெலரின் முகத்தில் குத்தினார், கீழே விழுந்தவரை வேறு ஆட்கள் உதைத்தார்கள். துருக்கி நாட்டு லீக் ஆட்டங்கள் எல்லாவற்றையும் நிறுத்திவைத்தார்கள், அந்தத் தலைவருக்கு ஆயுள் தடை விதித்தார்கள். மெலர் அடுத்த ஆண்டே ஐரோப்பிய நாடுகளின் யூரோ போட்டியில் விசில் ஊதினார். அவருடைய வீங்கிய கண் எனக்கு இன்னும் மனசில் இருக்கிறது.

அது துருக்கி, இது சிங்கப்பூர், இங்கே அப்படியெல்லாம் இல்லை என்று சொல்லலாம். குத்து இல்லைதான். ஆனால் பதினேழு பதினெட்டு வயதில் ஆசையாகப் பயிற்சிக்கு வந்து, உடல்தகுதித் தேர்வில் ஓடி ஜெயித்து, புது விசிலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வரும் பிள்ளைகள், ஒரு சீசன் முடிவதற்குள் ‘அண்ணே, இனி வரமாட்டேன்’ என்று எனக்குச் செய்தி அனுப்புகிறார்கள். போன மாதம்கூட ஒரு தங்கை அனுப்பியிருந்தாள். பெரிய மனிதர்கள், பெற்றோர்கள், திட்டியதுதான் காரணம்.

நம் தமிழ்ப் பிள்ளைகளுக்கு மெஸ்ஸி எந்தக் காலால் உதைப்பார் என்பதெல்லாம் அத்துப்படி. கோவிந்தசாமி சுப்பையா என்றால் யாருக்கும் தெரியவில்லை. 1974 உலகக் கோப்பையில், மியூனிக் நகரில், போலந்து ஹெயிட்டியை 7-0 என்று வென்ற ஆட்டத்துக்கு நடுவர் அவர்தான், சிங்கப்பூரிலிருந்து போன தமிழர். 2006-இல் ஷம்சுல் மைதீன் மூன்று உலகக் கோப்பை ஆட்டங்களை நடத்தினார். அவர்களும் எங்கேயோ ஒரு சேற்றுத் திடலில், யாரோ ஒருவருடைய ஏச்சைக் கேட்டுக்கொண்டுதான் ஆரம்பித்திருப்பார்கள். இப்போது வரமாட்டேன் என்கிற அந்தத் தங்கை எங்கே போயிருப்பாள் என்று நமக்குத் தெரியவே போவதில்லை.

எனக்கு மூன்று ஆசை உண்டு. யூரோ 2024-இல் அணித்தலைவர் மட்டும்தான் நடுவரிடம் பேசலாம் என்று வைத்தார்கள், என் ஆட்டங்களிலும் அதையே கேட்டுக்கொள்கிறேன், நன்றாக வேலை செய்கிறது. தலைவன் வந்து மரியாதையாகக் கேட்டால் நான் என்ன பார்த்தேன், எதைப் பார்க்கவில்லை என்று சொல்லிவிடுகிறேன். இதை எல்லாப் போட்டியிலும் கொண்டுவரலாம். இரண்டாவது, ஆட்டம் முடிந்தபிறகு நடுவர் தன் பிழையைச் சொல்ல அனுமதி வேண்டும், சொன்னதற்காக அவருக்கு அடுத்த ஆட்டம் கிடைக்காமல் போகக்கூடாது. மூன்றாவது, வேலி ஓரத்தில் நின்று குடும்பத்தை இழுத்துத் திட்டுகிறவரை வெளியே அனுப்ப ஏற்பாட்டாளர்களுக்குத் தைரியம் வேண்டும், அவர் எந்த மொழியில் திட்டினாலும்.

அந்தப் பையன் விஷயத்தைச் சொல்லி முடிக்கிறேன். மூன்று வாரம் கழித்து, யாரிடமும் கேட்காமல், அவன் அணி பயிற்சி செய்யும் திடலுக்குப் போனேன். பயிற்சியாளரிடம் சொல்லிவிட்டு அவனைக் கூப்பிட்டேன். காலுறையை இறக்கிவிட்டுக்கொண்டு வந்து நின்றான். ‘தம்பி, அன்றைக்கு நீ அடித்தது கோல்தான். நான் பார்க்கவில்லை. தப்பு என்னுடையது, மன்னித்துக்கொள்’ என்றேன்.

‘தெரியும் அங்கிள், நான் உள்ளே விழுந்ததைப் பார்த்தேன்’ என்றான். கொஞ்ச நேரம் பந்தைக் காலால் உருட்டிக்கொண்டே இருந்தான். அப்புறம் கேட்டான், ‘அப்போ எங்களுக்கு அந்த ஒரு பாயிண்ட் கொடுப்பார்களா?’

கொடுக்கமாட்டார்கள் என்று சொன்னேன். ஏன் என்று கேட்டான். அவன் பக்கத்தில் புல்லிலேயே உட்கார்ந்து, ஐந்தாவது விதியை அவனுக்குச் சொல்ல ஆரம்பித்தேன்.