மாறுவது தனி உயிரா, கூட்டமா?

நேயர்களுக்கு வணக்கம். உயிரியல் படிக்கும் மாணவர்களை மனத்தில் வைத்துப் பரிணாமத்தைப் பற்றிப் பேசுமாறு என்னை அழைத்திருக்கிறார்கள். இந்தச் சிறிய நேரத்தில் முழுப் பாடத்தையும் நடத்த முடியாது. ஒரே ஒரு முடிச்சை மட்டும் அவிழ்க்கப் பார்க்கிறேன். அது அவிழாமல் மற்றவற்றை எவ்வளவு படித்தாலும் மனத்தில் தங்காது என்பது என் உறுதியான எண்ணம்.

தேர்வு விடைத்தாள்களில் திரும்பத் திரும்ப வரும் ஒரு வாக்கியம் இது: ‘புகை படிந்த மரங்களில் ஒளிந்துகொள்வதற்காக அந்துப்பூச்சி தன் நிறத்தைக் கறுப்பாக மாற்றிக்கொண்டது.’ எழுதிய மாணவர் இயற்கைத் தேர்வை விளக்கிய டார்வின் பெயரையும் அவரது நூல் வெளிவந்த 1859 என்ற ஆண்டையும் சரியாகவே எழுதியிருப்பார். அதே கருத்தைத் தனியாகக் கண்டடைந்த வாலஸின் பெயரையும் விட்டிருக்கமாட்டார். ஆனால் இந்த ஒரு வாக்கியத்தில் டார்வின் வெளியேறி, லாமார்க் உள்ளே வந்து அமர்ந்துவிடுகிறார். உயிர் தன் வாழ்நாளில் தேவைக்கேற்ப மாறுகிறது, அந்த மாற்றம் பிள்ளைகளுக்கும் போகிறது என்று 1809இல் எழுதியவர் லாமார்க்.

உண்மையில் எந்த அந்துப்பூச்சியும் நிறம் மாறவில்லை. வெளிர் நிறத்தில் பிறந்தது வெளிர் நிறத்திலேயே இறந்தது. இங்கிலாந்தின் மான்செஸ்டர் பகுதியில் 1848இல் அரிதாகத் தென்பட்ட கறுப்பு வகை, 1895 வாக்கில் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு என்ற அளவுக்குப் பெருகியிருந்தது. கரி படிந்த மரத்தண்டில் வெளிர்ப் பூச்சிகள் பறவைகளின் கண்ணுக்கு எளிதில் பட்டன. கறுப்பு தப்பியது, முட்டையிட்டது. மாறியது விகிதம்தான். இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் காற்று தூய்மையானதும் அதே விகிதம் எதிர்த்திசையில் திரும்பியது.

ஆகவே, பரிணாமம் என்பது தனி உயிருக்கு நேர்வதல்ல. பிறக்கும்போது பெற்ற மரபணுக்களோடுதான் ஓர் உயிர் வாழ்ந்து முடிக்கிறது. மாறுவது இனக்கூட்டம், அதாவது ஓரிடத்தில் சேர்ந்து வாழும் ஒரே இன உயிர்களின் தொகுதி. அதற்குள் எந்த வகை எத்தனை பங்கு என்பது தலைமுறைக்குத் தலைமுறை மாறுகிறது. இதற்கு மூன்று நிபந்தனைகள் போதும்: கூட்டத்துக்குள் வேறுபாடு இருக்க வேண்டும், அது பிள்ளைகளுக்குக் கடத்தப்பட வேண்டும், அந்த வேறுபாட்டால் சிலர் மற்றவர்களைவிட அதிகச் சந்ததியை விட்டுச்செல்ல வேண்டும். மூன்றாவதைத்தான் இயற்கைத் தேர்வு என்கிறோம். மூன்றில் ஒன்று இல்லாவிட்டாலும் இயற்கைத் தேர்வால் பரிணாமம் நிகழாது.

இதை அளவுகோலை வைத்து அளந்தே காட்டியவர்கள் உண்டு. பீட்டர் கிராண்ட், ரோஸ்மேரி கிராண்ட் தம்பதியர் 1973 முதல் பசிபிக் பெருங்கடலின் காலாபகஸ் தீவுக்கூட்டத்தில் உள்ள டாஃப்னி மேஜர் என்னும் சின்னஞ்சிறு தீவில் ஃபிஞ்ச் குருவிகளை ஆராய்ந்தார்கள். குருவிகளைப் பிடித்து, காலில் வளையமிட்டு, அலகின் நீளத்தையும் தடிமனையும் அளந்து பறக்கவிட்டார்கள். எந்தக் குருவி எந்தக் குருவியின் பிள்ளை என்பது வரை பதிவு செய்தார்கள்.

1977இல் அங்கே மழை பொய்த்தது. மெல்லிய சிறு விதைகளைக் குருவிகள் முதலில் தின்று தீர்த்தன. எஞ்சியவை பெரிய, கடினமான விதைகள். நெருஞ்சி இனத்தைச் சேர்ந்த ஒரு செடியின் முள் நிறைந்த காய்களும் அவற்றில் அடக்கம். அந்தக் காயை உடைக்கத் தடித்த அலகு வேண்டும். நடுத்தரத் தரை ஃபிஞ்ச் என்ற இனத்தில் பெரும்பாலான குருவிகள் பட்டினியில் மாண்டன. பிழைத்தவற்றின் சராசரி அலகுத் தடிமன், வறட்சிக்கு முந்தைய சராசரியைவிட ஏறக்குறைய அரை மில்லிமீட்டர் கூடுதலாக இருந்தது.

இந்த இடத்தில் அவசரப்பட வேண்டாம். எந்தக் குருவியின் அலகும் வறட்சியில் தடிக்கவில்லை. மெல்லிய அலகுக் குருவிகள் இறந்ததால் சராசரி உயர்ந்தது. இதுவரை நடந்தது தேர்வு மட்டுமே. பரிணாமம் இன்னும் நடந்துவிடவில்லை. அலகின் தடிமன் தீனியால் மட்டுமே அமைவதாக இருந்திருந்தால், அடுத்த தலைமுறைக் குஞ்சுகள் பழைய சராசரிக்கே திரும்பியிருக்கும்; அத்தனை சாவுக்குப் பிறகும் இனக்கூட்டம் இருந்த இடத்திலேயே நின்றிருக்கும். ஆனால் 1978இல் பிறந்த குஞ்சுகள் வளர்ந்தபோது அவற்றின் அலகும் தடித்தே இருந்தது. தடிமன் பெருமளவுக்கு மரபுவழி வருவது என்பதைக் குடும்பப் பதிவுகள் ஏற்கெனவே காட்டியிருந்தன. பாடநூல்கள் தேர்வையும் பரிணாமத்தையும் ஒரே மூச்சில் சொல்லிவிடுவதால்தான் மாணவர்கள் குழம்புகிறார்கள் என்று நினைக்கிறேன். இரண்டையும் பிரித்துப் பாருங்கள். தேர்வு ஒரு தலைமுறைக்குள் நடக்கிறது. அதன் விளைவு அடுத்த தலைமுறையில் தெரிந்தால் அது பரிணாமம்.

1983இல், பசிபிக் கடல்நீர் வழக்கத்தைவிடச் சூடாகும் எல் நினோ என்னும் நிகழ்வு பெருமழையைக் கொண்டுவந்தது. தீவு பசுமையாகிச் சிறு விதைகள் மிகுந்தன. அதன் பின் வந்த வறண்ட காலத்தில் சிறிய அலகுக் குருவிகளே அதிகம் பிழைத்தன. தடித்த அலகு எப்போதும் மேலானது என்று யாரும் சொல்ல முடியாமற்போயிற்று. இயற்கைத் தேர்வுக்குச் சென்று சேர வேண்டிய இலக்கு என்று ஒன்று கிடையாது. அந்தந்தக் காலத்தின் சூழல்தான் அதற்குத் தெரியும்.

அப்படியானால் வேறுபாடுகள் எங்கிருந்து வருகின்றன? சூழலின் நெருக்கடிதான் அவற்றை உண்டாக்குகிறதா? 1943இல் சால்வடோர் லூரியா, மாக்ஸ் டெல்புரூக் என்ற இரு அறிவியலாளர்கள் இந்தக் கேள்வியை அழகாகச் சோதித்தார்கள். உயிரியலில் எனக்கு மிகவும் பிடித்த சோதனை இது. ஒரே வகைப் பாக்டீரியாவைப் பல தனித்தனிக் குழாய்களில் வளர்த்து, பிறகு ஒவ்வொன்றையும் அந்தப் பாக்டீரியாவைக் கொல்லும் வைரஸ் பூசிய தட்டுகளில் பரப்பினார்கள். வைரஸைச் சந்தித்த பிறகுதான் எதிர்ப்புத்திறன் உண்டாகிறது என்றால், தப்பியவற்றின் எண்ணிக்கை எல்லாத் தட்டுகளிலும் ஏறத்தாழ ஒத்திருக்க வேண்டும். நடந்தது வேறு. பல தட்டுகளில் ஒன்றுகூட இல்லை. சிலவற்றில் மட்டும் ஏராளம். வைரஸை எதிர்கொள்வதற்கு முன்பே, குழாயில் வளரும்போதே, சடுதிமாற்றம், அதாவது மரபணுவில் திடீரென நேரும் மாற்றம், நிகழ்ந்திருந்தது என்பதே இதற்குப் பொருள். முன்கூட்டியே நிகழ்ந்த குழாயில் அதன் வாரிசுகள் பெருகியிருந்தன. நிகழாத குழாயில் எதுவும் தப்பவில்லை.

நுண்ணுயிர் எதிர்ப்பு மருந்துகளிலும் இதே கதைதான். மருந்து எதிர்ப்பைக் கற்பிப்பதில்லை. எதிர்ப்புடையவற்றை மட்டும் மிச்சம் வைக்கிறது. மிச்சமானவை பெருகுகின்றன. பாக்டீரியாக்கள் எதிர்ப்பு மரபணுக்களைத் தமக்குள் பரிமாறிக்கொள்ளவும் செய்வதால் இந்தப் பெருக்கம் இன்னும் விரைகிறது.

எல்லாம் தற்செயல் என்று இப்போது முடிவுகட்டிவிடாதீர்கள். சடுதிமாற்றம் எந்த உயிரின் தேவையையும் கேட்டு வருவதில்லை. அந்த அளவில் அது தற்செயல். தேர்வு தற்செயல் அல்ல. இதற்குச் சாட்சி நம் இரத்தத்திலேயே உண்டு. ஆக்சிஜனைச் சுமக்கும் இரத்தப் புரதமான ஹீமோகுளோபினின் பீட்டா சங்கிலியில், ஆறாம் இடத்திலுள்ள குளூட்டாமிக் அமிலம் என்ற அமினோ அமிலத்துக்குப் பதிலாக வாலின் என்ற வேறோர் அமினோ அமிலம் வந்தால், அரிவாள் போல் வளைந்த கதிர் அரிவாள் அணு தோன்றுகிறது. இரு பெற்றோரிடமிருந்தும் அந்த மரபணு வந்தால் கடும் நோய். ஒருவரிடமிருந்து மட்டும் வந்தால் கடுமையான மலேரியாவிலிருந்து பாதுகாப்பு. அதனால்தான் மலேரியா நெடுங்காலம் நிலவிய பகுதிகளில், அத்தனை பேரைப் பலிகொண்டும், இந்த மரபணு மறையாமல் நிலைத்திருக்கிறது. நல்ல மரபணு, கெட்ட மரபணு என்று சூழலை விட்டுவிட்டுப் பேசுவதில் பொருளில்லை.

இயற்கைத் தேர்வு மட்டுமே பரிணாமத்தின் காரணம் அல்ல என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். சிறிய இனக்கூட்டங்களில், எந்த நன்மையும் தராத மரபணு வகைகூட வெறும் வாய்ப்பால் பெருகலாம், மறையலாம். இதை மரபணு நகர்வு என்கிறோம்.

இயற்கைத் தேர்வுக்கு முன்யோசனை இல்லை என்பதை எலும்பும் நரம்புமாகப் பார்க்க வேண்டுமானால், ஒட்டகச்சிவிங்கியின் குரல்வளைக்குச் செல்லும் மீள் நரம்பைப் பாருங்கள். மூளையிலிருந்து குரல்வளைக்கு நேர்வழி மிகக் குறுகியது. ஆனால் இடப்பக்க நரம்பு கழுத்து முழுவதும் இறங்கி, நெஞ்சில் இதயத்துக்கு அருகே பெருந்தமனியைச் சுற்றி, மறுபடி கழுத்து முழுவதும் ஏறித்தான் போகிறது. மொத்தம் பல மீட்டர். நம் உடலிலும் அதே சுற்றுப்பாதைதான். நீளம் மட்டும் குறைவு. கழுத்தே இல்லாத மீன் போன்ற முன்னோர்களில், செவுள் பகுதியின் இரத்தக் குழாய்க்குப் பின்னால் இந்த நரம்பு போனது நேர்வழியாகவே இருந்தது. பிறகு கழுத்து நீண்டது, இதயம் கீழே இறங்கியது, நரம்பு இரத்தக் குழாயில் மாட்டிக்கொண்டது. ஒவ்வொரு தலைமுறையிலும் நரம்பு இம்மியளவு நீள்வதே போதுமானதாக இருந்தது. பாதையையே மாற்றும் வேறுபாடு எதுவும் பிறந்து நிலைக்காதபோது, தேர்ந்தெடுப்பதற்கு வேறு எதுவும் அங்கே இருக்கவில்லை.

நன்றி, வணக்கம்.