பீட் ரோஸுக்கு வெண்கலப் பலகை வேண்டுமா?

(காட்சி: கூப்பர்ஸ்டவுன் அருங்காட்சியகத்தின் முகப்பு)

வணக்கம். நியூயார்க் மாநிலத்தின் கூப்பர்ஸ்டவுன் என்னும் சிற்றூரில் 1939இல் திறக்கப்பட்ட பேஸ்பால் புகழரங்கம், அதாவது ஹால் ஆஃப் ஃபேம், ஒரே கட்டடத்துக்குள் இரண்டு வேலைகளைச் செய்கிறது. ஒரு பகுதி அருங்காட்சியகம். அங்கே மட்டைகளும் பந்துகளும் கையுறைகளும் ஆட்டத்தின் வரலாற்றைச் சொல்கின்றன. மற்றொரு பகுதியில், தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் முகமும் சாதனையும் பொறித்த வெண்கலப் பலகைகள் மாட்டப்பட்டுள்ளன. முதலாவது நினைவில் வைக்கும் இடம், இரண்டாவது பெருமைப்படுத்தும் இடம். களங்கப்பட்ட வீரர்களுக்கு அங்கே பலகை வைக்கலாமா என்ற சச்சரவில் பெரும்பகுதி, இவ்விரண்டையும் ஒன்றெனக் கொள்வதால் எழுகிறது என்பது என் கருத்து.

(காட்சி: சின்சினாட்டி ரெட்ஸ் சீருடையில் பீட் ரோஸ்)

மட்டையாளர் பந்தை அடித்துவிட்டு முதல் தளத்தையாவது பத்திரமாக அடைந்தால் அது ஒரு ஹிட். பீட் ரோஸ் 4,256 ஹிட்கள் அடித்தார். 1985 செப்டம்பரில் அவர், அதுவரை முதலிடத்தில் இருந்த டை காபின் சாதனையைக் கடந்தார். அவரை இதுவரை யாரும் கடக்கவில்லை. ஆனால் சின்சினாட்டி ரெட்ஸின் மேலாளராக, அதாவது யார் ஆடுவது என்பதை முடிவுசெய்து அணியைக் களத்தில் வழிநடத்துபவராக, இருந்தபோது அவர் தம் அணியின் ஆட்டங்கள் மீதே பந்தயம் கட்டினார் என்று ஜான் டௌட் என்ற வழக்கறிஞர் நடத்திய விசாரணை 1989இல் முடிவு செய்தது. அந்த ஆண்டு ஆகஸ்டில், பேஸ்பால் லீக்கின் தலைமை நிர்வாகியான ஆணையர் பார்ட் ஜியாமாட்டி அவரை ஆட்டத்திலிருந்து நிரந்தரமாக விலக்கிவைத்தார். புகழரங்கத்துக்கான வாக்குச்சீட்டில் அவர் பெயர் வரவிருந்த தறுவாயில், விலக்கப்பட்டவர்கள் போட்டியிட முடியாது என்ற விதியைப் புகழரங்கம் 1991இல் இயற்றியது. ரோஸ் பல ஆண்டுகள் மறுத்து, 2004இல்தான் உண்மையை ஒப்புக்கொண்டார்.

அவருடைய ஆதரவாளர்கள் சொல்லும் முதல் வாதம், அவர் தம் அணி வெல்லும் என்றுதானே பணம் கட்டினார், தோற்கும் என்று ஒருபோதும் கட்டவில்லையே என்பது. கேட்பதற்கு நியாயமாகப் படும் இந்த வாதத்தைச் சற்றுப் பொறுமையாகப் பார்ப்போம். இன்றைய ஆட்டத்தில் தம் பணத்தை வைத்திருக்கும் மேலாளர், ஓய்வு தேவைப்படும் பந்துவீச்சாளரை இன்றே களமிறக்கி, அவர் தோளைத் தேய்த்து, நாளைய ஆட்டத்தைப் பலிகொடுக்கத் தூண்டப்படுவார். அவர் பணம் கட்டாத நாளில், அவருக்கே தம் அணிமேல் நம்பிக்கையில்லை என்ற செய்தி, பந்தயம் வாங்குபவருக்குக் கட்டணமின்றிப் போய்ச் சேரும். இவற்றைவிடக் கொடியது கடன்: பந்தயத்தில் தோற்று ஒருவரிடம் கடன்பட்ட மேலாளரிடம், அந்தக் கடனுக்கு ஈடாக ஓர் ஆட்டத்தையே கேட்க முடியும். ஆகவேதான் தம் ஆட்டத்தின்மேல் பந்தயம் கட்டினால் நிரந்தர விலக்கு என்ற விதி ஒவ்வோர் அணியின் உடைமாற்றும் அறையிலும் ஒட்டிவைக்கப்பட்டிருந்தது. ரோஸ் அதைப் பார்க்காமல் ஒரு நாள்கூட மைதானத்துக்குள் போயிருக்க மாட்டார்.

மேலாளராகச் செய்த தவறு, வீரராக அடித்த ஹிட்களை எப்படிக் கறைப்படுத்தும் என்பது அடுத்த வாதம். 1986இல், அதாவது அவர் வீரராகவும் களத்தில் இருந்த ஆண்டில், அவர் கட்டிய பந்தயங்களைக் காட்டும் குறிப்பேட்டின் நகல்கள் 2015இல் வெளிவந்த பிறகு இந்த வாதம் நிற்கவில்லை.

(காட்சி: பேரி பாண்ட்ஸின் 756ஆவது ஹோம் ரன் பந்து)

ஊக்கமருந்து விவகாரம் வேறு வகையானது. 762 ஹோம் ரன்கள் (பெரும்பாலும் பந்தை மைதான வேலிக்கு வெளியே அனுப்பும் அடிகள்) அடித்த பேரி பாண்ட்ஸும், சிறந்த பந்துவீச்சாளருக்கான சை யங் விருதை ஏழு முறை வென்ற ரோஜர் கிளெமன்ஸும், 2022இல், புகழரங்கத்துக்கான பேஸ்பால் எழுத்தாளர்களின் வாக்கெடுப்பில் தங்கள் பத்தாவதும் கடைசியுமான வாய்ப்பில், சுமார் 66, 65 விழுக்காடு வாக்குகள் பெற்றுத் தோற்றனர். தேவையானது 75 விழுக்காடு. தெரிந்தே மருந்து எடுத்ததாக இருவரும் ஒப்புக்கொள்ளவில்லை. எடுத்தார்கள் என்றே வைத்துக்கொண்டாலும், தண்டனையோடு கூடிய சோதனை 2004இல்தான் தொடங்கியது. அதுவரை ஹோம் ரன் மழையால் அரங்குகள் நிறைந்ததைப் பார்த்து நிர்வாகம் மகிழ்ந்திருந்தது. அந்தக் காலத்தின் ஆணையர் பட் செலிக்கை 2017இல் இதே புகழரங்கம் வெண்கலத்தில் ஏற்றியது. கண்ணை மூடிக்கொண்டிருந்தவருக்குப் பெருமையும், அவர் கண்முன் ஆடியவருக்கு வெளிவாசலும் என்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

நேர்மையும் குணமும் வாக்களிப்பில் கருதப்பட வேண்டும் என்று விதி சொல்கிறது. ஆனால் கறுப்பின வீரர்களோடு ஆட மறுத்த கேப் ஆன்சனின் பலகை 1939 முதல் அங்கே இருக்கிறது. அதில் அந்த மறுப்பைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. 2011இல் தேர்வான ராபர்ட்டோ அலோமர், பாலியல் அத்துமீறல் குறித்த விசாரணைக்குப் பின் 2021இல் விலக்கப்பட்டோர் பட்டியலில் சேர்க்கப்பட்டார். அவருடைய பலகையும் கழற்றப்படவில்லை. ஒருமுறை மாட்டினால் அது நிலைத்துவிடும் என்பதால், மாட்டுவதற்கு முன் எடுக்கும் முடிவுக்கே கனம் அதிகம்.

ரோஸ் 2024 செப்டம்பரில் காலமானார். நிரந்தர விலக்கு மரணத்தோடு முடிகிறது என்று 2025 மே மாதம் ஆணையர் ராப் மேன்ஃபிரெட் அறிவித்தார். 1919இல் உலகத் தொடர் என்னும் இறுதிப் போட்டித் தொடரில் தோற்பதற்காகச் சிகாகோ அணி வீரர்கள் பணம் வாங்கிய ஊழலில் பணம் பெற்ற ஷூலெஸ் ஜோ ஜாக்ஸனும் அதே அறிவிப்பால் பட்டியலிலிருந்து நீங்கினார். இறந்தவரால் ஆட்டத்துக்கு ஆபத்தில்லை என்ற காரணம் சரியானதே. ஆபத்து நீங்கியதால் தடை நீங்கலாம். ஆனால் அதனாலேயே பெருமை வந்து சேராது.

2027 டிசம்பரில் கூடவுள்ள, பழைய வீரர்களைப் புகழரங்கத்துக்குப் பரிசீலிக்கும் குழுவின் முன் ரோஸின் பெயர் வரக்கூடும். அதில் 16 பேர் இருப்பார்கள். 12 வாக்குகள் வேண்டும். என் வாக்கு அங்கே இருந்தால், அது ரோஸுக்கு எதிராகவே விழும். அவருடைய பொருள்கள் அருங்காட்சியகப் பகுதியில் ஏற்கெனவே இருக்கின்றன; அவர் மறக்கப்படவில்லை. பாண்ட்ஸுக்கு நான் பலகை கொடுப்பேன். 762 என்ற எண்ணுக்குக் கீழே, எந்தக் காலத்தில், எந்தக் குற்றச்சாட்டுகளுக்கிடையே அது அடிக்கப்பட்டது என்பதையும் அதே வெண்கலத்தில், அதே எழுத்தளவில் பொறிக்கச் சொல்வேன்.