கட்டைக்கு எண்ணத் தெரியுமா?

நேயர்களுக்கு வணக்கம். நிகழ்தகவு பற்றிப் பேச அழைத்திருக்கிறார்கள். பேரைக் கேட்டதும் வானொலியை அணைத்துவிடாதீர்கள், நான் பேசப்போவது தாயக்கட்டையைப் பற்றி. இரண்டு பித்தளைக் கட்டைகள் உள்ளங்கையில் உரசுகிற சத்தம் இருக்கிறதே, அது கேட்காத சிவராத்திரி எங்கள் ஊரில் கிடையாது.

கட்டைக்கு நான்கு பக்கம். மூன்றில் ஒன்று, இரண்டு, மூன்று என்று புள்ளிகள், நான்காவது வெறுமை. ஒன்றில் ஒரு புள்ளியும் மற்றதில் வெறுமையும் விழுந்தால் தாயம். அது விழாமல் காய் இறங்காது. இரண்டுமே வெறுமை என்றால் பன்னிரண்டு.

சரி, தாயம் சுலபமா, பன்னிரண்டு சுலபமா? இரண்டும் ஒன்றுதானே என்பார்கள். வகுப்பில் வருஷா வருஷம் கேட்ட பதில் இது. அப்போதெல்லாம் ஒரு கட்டையில் குங்குமம் வைக்கச் சொல்வேன். குங்குமக் கட்டை நான்கு விதமாக விழலாம். அந்த ஒவ்வொன்றுக்கும் மற்றக் கட்டை நான்கு விதம். ஆக 16. பன்னிரண்டுக்கு அதில் ஒரே வழி. தாயத்துக்கோ, குங்குமக் கட்டையில் புள்ளி, மற்றதில் வெறுமை. அல்லது இது வெறுமை, அதில் புள்ளி. இரண்டு வழி. 16-இல் 2, அதாவது எட்டில் ஒன்று. குங்குமத்தை அழித்தாலும் வழி இரண்டுதான். கண்ணுக்குத் தெரியாது, அவ்வளவே. (கட்டை தேய்ந்து கோணலாகியிருந்தால் என்னைக் கேட்காதீர்கள்.)

ஏழாம் வகுப்பில் இதைக் கண்டுபிடித்துவிட்ட திமிரில் அப்பத்தாவிடம் பந்தயம் கட்டினேன். எட்டில் ஒன்று என்றால் எட்டு உருட்டுக்குள் தாயம் விழுந்தே தீர வேண்டும், இல்லையா? பந்தயம் நாலு சீடை. உருட்டினேன். மூன்று, நாலு, மறுபடி மூன்று. ஏழு உருட்டு முடிந்தும் தாயத்தைக் காணோம். எட்டாவதில் இரண்டு. அப்பத்தா சீடையை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு கேட்டாள்: “கட்டைக்கு எண்ணத் தெரியுமாடா?”

தெரியாது. ஏழு தடவை விழவில்லை என்பது எட்டாவது உருட்டுக்குத் தெரியாது. ஒன்றையொன்று சாராத நிகழ்ச்சிகள் என்று புத்தகத்தில் போட்டிருப்பது இதைத்தான். அப்பத்தா சொன்னதே எனக்குப் பிடிக்கும்.

அப்படியானால் எட்டு உருட்டுக்குள் தாயம் விழும் வாய்ப்பு எவ்வளவு? எட்டில் ஒன்றை எட்டு முறை கூட்டக் கூடாது. நான் கூட்டித்தான் சீடையை இழந்தேன். விழாமல் போவதை எண்ண வேண்டும். ஓர் உருட்டில் விழாமல் போக எட்டில் ஏழு. அடுத்ததிலும் விழாமல் போக, அதை இன்னொரு எட்டில் ஏழால் பெருக்க வேண்டும். இப்படியே எட்டு முறை பெருக்கினால் நூற்றுக்குச் சுமார் 34 வருகிறது. மூன்று பந்தயத்தில் ஒன்று தோற்கும்! ஐந்து உருட்டு என்று கட்டினால் நூற்றுக்கு 49 தடவைதான் ஜெயம், ஆறு என்றால் 55. அப்பத்தா எப்போதும் ஆறு உருட்டுக்குத்தான் பந்தயம் கட்டுவாள். எப்படித் தெரிந்தது என்று கேட்காமலே விட்டுவிட்டேன்.

பிரான்சில் 1654-இல் பாஸ்கல், ஃபெர்மா என்ற இரண்டு கணித மேதைகள் எழுதிக்கொண்ட கடிதங்களிலும் இப்படியொரு பகடைப் பந்தயம் உண்டு. அதை விரிவாகச் சொல்லலாம் என்றுதான் வந்தேன், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுகிறார்கள்.

ஒன்றே ஒன்று சொல்லிவிடுகிறேன். பெருக்கலாம் என்பதெல்லாம் ஒன்றையொன்று சாராதபோது மட்டும். 1999-இல் இங்கிலாந்தில், அடுத்தடுத்து இரண்டு கைக்குழந்தைகளைப் பறிகொடுத்த தாய் ஒருவர்மீது கொலை வழக்கு. திடீர்க் குழந்தை மரணம் 8543-இல் ஒன்று என்று வைத்து, அதை அதாலேயே பெருக்கி, ஒரே வீட்டில் இரண்டு மரணம் நிகழும் வாய்ப்பு 7.3 கோடியில் ஒன்று என்று ஒரு மருத்துவர் சாட்சி சொன்னார். ஒரே வீடு, ஒரே தாய் தகப்பன். முதல் மரணத்துக்கு ஒரு காரணம் இருந்தால் அது இரண்டாவது குழந்தையையும் தொடுமே! அதை யோசிக்காமல் பெருக்கினார்கள். அந்தத் தாய் சிறைக்குப் போனார். 2003-இல்தான் தீர்ப்பு ரத்தானது. மணி ஆகிவிட்டது, வணக்கம்.