8 எண்டால் 8 நொட்ஸ் இல்ல! ஏஜாக்ஸ் மிதவையை வாசிக்கிறது எப்பிடி?

வணக்கம் உறவுகளே. இண்டைக்கு மீனும் இல்ல, வள்ளமும் இல்ல, கடுப்பு மட்டும்தான். போன வீடியோவுக்குக் கீழ, ஒன்ராறியோ ஏரியில காத்தும் அலையும் அளக்கிற மிதவையைப் பற்றிக் கனபேர் ஒரே கேள்வி: "அண்ணை, மிதவையில காத்து 8 எண்டு கிடந்தது. நம்பி இறங்கினம், ஏரி கொந்தளிக்குது. மிதவை பொய் சொல்லுதோ?"

மிதவை பொய் சொல்லேல்ல ராசா. நீங்கள் பாத்த 8, நொட்ஸ் (மணித்தியாலத்துக்கு இத்தினை கடல்மைல்) இல்ல. செக்கனுக்கு 8 மீற்றர். 1.94 ஆல பெருக்கிப் பாருங்கோ: பதினைஞ்சரை நொட்ஸ்! பெருக்கப் பஞ்சியெண்டால் ரெண்டு மடங்காக்கிக் கொஞ்சம் கழியுங்கோ, காணும். 10 எண்டு கிடந்தால் அது 19க்கு மேல. 20 நொட்ஸ் வரும் எண்டால் கனடா வானிலைக்காரர் பலத்த காத்து எச்சரிக்கை விடுவினம். அப்ப "பத்துத்தானே" எண்டு இறங்கிற ஆள், எச்சரிக்கை வாற விளிம்பிலதான் இறங்குறார்.

நாங்கள் எப்பவும் பாக்கிறது 45159 ஆம் இலக்க மிதவை தானே, ரொறொன்ரோவுக்குக் கிழக்கால இருக்கிற ஏஜாக்ஸ் கரைக்குத் தெற்கால கிடக்கிறது. 45 இல தொடங்கிறது பெரும்பாலும் பேரேரி மிதவையள். இது கனடாவின்ர மிதவை, ஆனா அமெரிக்க மிதவை மையத்தின்ர பக்கத்திலயும் இதே தரவு வரும். கனடாப் பக்கத்தில நொட்ஸ், மீற்றர். அமெரிக்கப் பக்கத்தில நிலையத்தின்ர முகப்பில நொட்ஸும் அடியும். ஆனா கடைசி 45 நாள் தரவு இருக்கிற அந்த வெறும் எழுத்துப் பக்கத்துக்குப் போனியள் எண்டால், காத்து செக்கனுக்கு மீற்றரில. அங்கதான் எல்லாரும் வழுக்கி விழுறது.

அதே பக்கத்தில இன்னொரு பொறி, நேரம். அது உலகப் பொது நேரம். கோடை காலத்தில ரொறொன்ரோ நேரத்துக்கு 4 மணித்தியாலம் கழிக்கோணும். 11:00 எண்டு கிடந்தால் எங்களுக்குக் காலமை 7. "பதினொரு மணிக்கு ஏரி அமைதியாம்" எண்டு பத்தரைக்கு வள்ளத்தை இழுத்துக்கொண்டு போறவை இருக்கினம். பத்தரைக்குப் பதினொரு மணித் தரவு எங்கயிருந்து வரும் எண்டு ஒருத்தரும் யோசிக்கிறேல்ல.

மற்றது, எம்எம் எண்டு ரெண்டு எழுத்து கிடந்தால் அந்த அளவு வரேல்ல எண்டு அர்த்தம். தலைப்பு வரியில அதே எம்எம் மாதத்தைக் குறிக்கும். அந்தக் குழப்பத்துக்கு நான் பொறுப்பில்ல.

இப்ப உண்மையான விசர். ஒரு ஆப் இருக்குது, பேர் சொல்லமாட்டன். வருசத்துக்கு 60 டொலர். இலவசமாக் கிடக்கிற இதே தரவை வடிவான நீல வட்டத்துக்க போட்டுக் காட்டுறதுக்கு 60 டொலர்! அதுகூடப் பரவாயில்ல. மிதவை எம்எம் எண்டு சொல்லுற நேரம், அந்த ஆப் கணினி எதிர்வுகூறல் இலக்கத்தை எடுத்து அதே வட்டத்துக்க போடுது. நிறமும் மாறேல்ல, ஒரு குறிப்பும் இல்ல. மிதவை அளந்ததும் கணினி ஊகிச்சதும் ஒண்டோ? அந்த 60 டொலருக்கு ஆறு ஸ்பூன் (மீனை ஏமாத்திற தகட்டுத் தூண்டில்) வாங்கலாம், ரெண்டைப் பாறையில விட்டாலும் நாலு மிஞ்சும். இதைப்பற்றி இன்னும் அரை மணித்தியாலம் கதைப்பன், வேண்டாம்.

சரி, அலை. 0.8 மீற்றர் எண்டால் எல்லா அலையும் 0.8 இல்ல. அளந்த அலையளில உயர்ந்த மூண்டில ஒரு பங்கை எடுத்து, அதின்ர சராசரிதான் அந்த இலக்கம். இடைக்கிட அதின்ர ரெண்டு மடங்குக்குக் கிட்டவும் ஒண்டு வரும். 0.8 எண்டால் ஒண்டரை மீற்றர் ஒண்டுக்கு ஆயத்தமா இருங்கோ.

ஆனா உயரத்தை மட்டும் பாக்கிறது அரைவாசி வேலை. பக்கத்தில செக்கன் கணக்கில ஒரு இலக்கம் இருக்கும், அலைக்கும் அலைக்கும் இடையில எவ்வளவு நேரம் எண்டு. அதை அதாலயே பெருக்கி 1.56 ஆலயும் பெருக்கினால் அலையின்ர நீளம் மீற்றரில வரும். கடலில 10 செக்கன் எண்டால் 156 மீற்றர் நீளம், ஒரு மீற்றர் உயரம் தாலாட்டு மாதிரி. ஏரியில 3 செக்கன் எண்டால் வெறும் 14 மீற்றர். அதே ஒரு மீற்றர் உயரம் இப்ப சுவர். 18 அடி வள்ளம் ஒண்டில ஏறி இறங்க முதலே அடுத்தது மூக்கில அடிக்கும். என்ர கணக்கு: 0.5க்குக் கீழ எண்டால் போகலாம். 0.8 எண்டால் 5 செக்கனாவது வேணும். 0.8க்கு 3 செக்கன் எண்டால் வீட்டில இருந்து ஸ்பூனுக்குக் கொழுக்கி மாத்துங்கோ.

ஐயோ, திசையை விட்டிட்டன், மீன்காரருக்கு அதுதானே முக்கியம். மிதவையில போடுறது காத்து எங்கயிருந்து வருது எண்டு. 270 பாகை எண்டால் மேற்கிலயிருந்து வருது, ஊரில சொல்லுற கச்சான். (வறுத்த கச்சான் இல்ல பிள்ளையள்.) எங்கட வடகரையில கச்சான் ரெண்டு நாள் விடாமல் அடிச்சால், பூமி சுழலுறதால மேல்தண்ணி காத்துக்கு வலப்பக்கம், அதாவது தெற்கால தள்ளுப்படும். அந்த இடத்துக்கு அடியில கிடக்கிற குளிர்த்தண்ணி எழும்பும். ஓகஸ்டிலயே மிதவையின்ர தண்ணி வெப்பநிலை 20இல இருந்து 8, 9 மட்டும் விழும். சினூக் சமன் மீன் தேடுறது ஒரு 12 பாகைத் தண்ணியை. வழக்கமா அது ஆழத்தில கிடக்கும், இப்ப கரைக்குக் கிட்ட, மேல வந்திட்டுது. டவுன்றிகரை (பாரம் கட்டித் தூண்டிலை ஆழத்துக்கு இறக்கிற கருவி) 25 மீற்றருக்கு இறக்கிப்போட்டு "மீன் இல்ல" எண்டு அழாதேங்கோ. குளிரும் சூடும் சந்திக்கிற விளிம்பைத் தேடுங்கோ.

கொண்டல், கிழக்கால அடிச்சால் எதிர்மாறு. சூட்டுத்தண்ணி வடகரையில குவியும், 12 பாகை கீழ போகும், நீங்களும் கீழ போகோணும். அதோட கிழக்குக் காத்துக்கு எங்கட பக்கம் வர ஏரியின்ர நீளத்தில பெரும்பகுதி ஓடுபாதை, 200 கிலோமீற்றருக்கு மேல. கிழக்கு ஏரியில கிடக்கிற 45012ஐயும் சேத்துப் பாருங்கோ. அங்க அலை எழும்பினால் சில மணித்தியாலத்தில எங்களுக்கும் வரும்.

வாடை, வடக்குக் காத்து, ஆள்மயக்கி. ரொறொன்ரோக் கரையில இருக்கிற ப்ளஃபர்ஸ் பார்க்கில மேட்டின்ர மறைவில தண்ணி கண்ணாடி மாதிரி இருக்கும். வெளிய போகப்போக அலை வளரும், திரும்பி வரேக்க முழுக்க முகத்துக்கு நேர. கரையைப் பாக்காதேங்கோ, மிதவையைப் பாருங்கோ.

பொறுங்கோ, இன்னொண்டு. காத்துக்குப் பக்கத்தில கிடக்கிற இலக்கம் வீச்சு, திடீரெண்டு கூடுற காத்து. முதல் இலக்கம் சில நிமிசச் சராசரி மட்டுந்தான். ரெண்டுக்கும் இடைவெளி பெருசா இருந்தால், அதோட தண்ணியை விட மேல காத்துக் குளிரா இருந்தால், செப்டெம்பரில அப்பிடித்தான் இருக்கும், அந்த வீச்சு நேர தண்ணியில இறங்கி அடிக்கும். ஏப்ரல், மேயில மறுவளம்: சூட்டுக்காத்து, 5 பாகைத் தண்ணி, அலை குறைவு, ஆனா புகார் மூடும்.

45159, 45012, ரெண்டின்ர லிங்க்கும் கீழ போட்டிருக்கிறன். எழுத்துப் பக்கத்தின்ர லிங்க்கும் இருக்குது, அதைத் திறக்கிற ஆக்கள் 1.94ஐ மறந்திட்டு வந்து எனக்குக் கொமெண்ட் போடக்கூடாது.