எண்ணெய்க் கிணறு தோண்டுற மோட்டருக்கு எவ்வளவு கரண்ட் வேணும்?

[திரை: மன்னார்க் கடலின் வரைபடம். நடுவில் சின்னதாய் ஒரு கப்பல்.]

2011-ல மன்னார்க் கடலுக்கு ஜப்பான்ல இருந்து ஒரு கப்பல் வந்தது. பேர் சிக்யூ. நீளம் 210 மீற்றர். ஆழ்கடல் ஆராய்ச்சிக்கெண்டு கட்டின கப்பல்தான், ஆனால் அந்த வருசம் எண்ணெய் தேடுற கேர்ன் கம்பனி அதை வாடகைக்கு எடுத்து மன்னார்ப் படுகையில துளை போட்டது. டொராடோ எண்டு பேர் வைச்ச இடத்தில கடலின்ர ஆழமே 1,354 மீற்றர். கப்பல் தளத்தில இருந்து அளந்தால் 3,000 மீற்றரைத் தாண்டினாப் பிறகு, ஒரு 25 மீற்றர் தடிப்பில எரிவாயு இருக்கிற மணற்கல் தட்டுப்பட்டது.

அந்தக் கப்பல்ல இருக்கிற மின்பிறப்பாக்கி எல்லாத்தையும் கூட்டினால் 35,000 கிலோவாற்று. ஒரு துளை போட இவ்வளவு கரண்டோ எண்டு கேப்பியள். அந்தக் கேள்வியைத்தான் இண்டைக்குக் கணக்குப் போட்டுப் பாக்கப் போறம்.

முதல்ல கப்பலைக் கழிச்சு விடுவம். சிக்யூ நங்கூரத்தில நிண்டு துளை போடுற கப்பல் இல்லை. அடியில இருக்கிற உந்திகள் சுத்திச் சுத்தித்தான் காத்துக்கும் நீரோட்டத்துக்கும் எதிரா அதை ஒரே இடத்தில பிடிச்சு வைச்சிருக்கும். அந்த 35,000-ல பெரும்பங்கு அதுக்கெண்டே வைச்சது. பாறையோட அதுக்குச் சம்பந்தமில்லை. அதால தரைக்கு வருவம்.

[காட்சி: தரையில் நிற்கும் றிக். கோபுரம், பக்கத்தில் கொள்கலன் போல நாலு பெட்டிகள்.]

நடுத்தர றிக் (துளை போடுற கோபுர யந்திரம்) ஒண்டில பக்கத்தில நாலு பெட்டி நிக்கும். ஒவ்வொண்டுக்குள்ளயும் ஒரு டீசல் மின்பிறப்பாக்கி, ஏறக்குறைய 1,000 கிலோவாற்று. நாலும் சேர்ந்து பொதுவா 600 வோல்ற்றில ஒரே பஸ்பாருக்கு, அதாவது எல்லாக் கரண்டும் வந்து சேருற உலோகப் பட்டைக்கு, கரண்ட் குடுக்கும். அதில இருந்து மூண்டு பெரிய ஆக்கள் சாப்பிடுவினம்: சேறு தள்ளுற பம்ப், பைப்பைத் தூக்கி இறக்கிற வின்ச், பைப்பைச் சுத்துற டொப் டிரைவ்.

இப்ப பாறைக்கு எவ்வளவு எண்டு பாப்பம். பைப்பின்ர அடி நுனியில பாறையை உடைக்கிற பல்லுத்தலையைத்தான் அலகு எண்டுறது. எட்டரை அங்குல அலகு, மணித்தியாலத்துக்கு 30 மீற்றர் இறங்குது. நல்ல வேகம். அப்ப ஒரு மணித்தியாலத்தில உடைபடுற பாறை 1.1 கன மீற்றர். 1965-ல டீல் எண்ட ஆய்வாளர் ஒரு அளவுகோலை முன்வைச்சவர்: ஒரு கன மீற்றர் பாறையை உடைக்கக் குறைஞ்சது எவ்வளவு சக்தி வேணுமெண்டு பாத்தால், அது அந்தப் பாறையின்ர நெருக்கற் பலத்துக்கு, அதாவது நெருக்கினால் நொறுங்காமல் தாங்கிற அளவுக்கு, கிட்ட வரும். 100 மெகாபஸ்கால் பலமான பாறை எண்டால் கன மீற்றருக்கு 100 மெகாயூல். 1.1 ஆல பெருக்கி 3,600 செக்கனால பிரியுங்கோ.

[திரையில் எண் மட்டும்: 30 கிலோவாற்று.]

முப்பது. நாற்பது குதிரைவலு. எந்த அலகும் நூத்துக்கு நூறு திறனா வேலை செய்யாது. வீணாகிறதையும் சேர்த்து மூண்டு மடங்கு வேணுமெண்டு வைச்சாலும் ஒரு 100 கிலோவாற்றுக்குள்ள முடிஞ்சுது. 4,000 கிலோவாற்றைப் பக்கத்தில வைச்சிருக்கிற றிக்கில பாறைக்குப் போறது அவ்வளவுதான். மிச்சம் எங்க?

[காட்சி: செம்மண் தோட்டம், குழாய்க்கிணறு அடிக்கும் லொறி.]

எங்கட ஊரில குழாய்க்கிணறு அடிக்கிற லொறியை ஒருக்கா நிண்டு பாத்தவைக்கு இதில பாதி விடை தெரியும். யாழ்ப்பாணத்து வலிகாமத்தில செம்மண்ணைக் கொஞ்சம் தாண்டினால் சுண்ணாம்புக்கல். கம்பி சுத்துறதைக் கண்ணால எண்ணலாம். நிமிசத்துக்கு இருபது முப்பது சுத்துத்தான். அதுக்கு ஒரு சின்ன ஐதரோலிக் மோட்டர் காணும். ஆனால் பின்னால நிக்கிற கொம்பிரசரைப் பாருங்கோ, அதின்ர எஞ்சின்தான் காதைப் பிளக்குது. கீழ சுத்தியலை அடிக்கிறதும் அந்தக் காத்துத்தான், உடைஞ்ச கல்லை வெள்ளைக் கூழாய் மேல கொண்டு வாறதும் அந்தக் காத்துத்தான். டீசல் அங்கதான் போகுது. வீட்டுக்காரர் பக்கத்தில நிண்டு, வாற தண்ணியைக் கையில ஏந்தி வாயில விட்டுப் பாப்பார், உப்போ எண்டு. எங்கட குடாநாட்டில நல்ல தண்ணி உப்புத்தண்ணிக்கு மேல மிதக்கிற ஒரு படைதான். ஆழம் கூடக் கூடப் பயம்.

எண்ணெய்க் கிணத்தில காத்துக்குப் பதிலாச் சேறு. றிக்கில நிக்கிறவை மட் எண்டுதான் சொல்லுவினம். களி, தண்ணி இல்லாட்டி எண்ணெய், பாரத்துக்குப் பேரைற்று எண்ட கனிமம், இவ்வளவும் கலந்தது. பைப்புக்குள்ளால கீழ போய், அலகின்ர துவாரங்களால பீச்சி, பைப்புக்கும் கிணத்துச் சுவருக்கும் இடையால மேல வரும். கல்லைக் கொண்டு வரும், அலகைக் குளிர வைக்கும். எல்லாத்தையும் விட முக்கியம், தன்ர பாரத்தால கீழ இருக்கிற வாயுவை மேல வர விடாமல் அமத்திப் பிடிக்கும்.

[வரைபடம்: பம்பிலிருந்து கிணற்றடி வரை அம்புக்குறிகள்.]

இந்தச் சேத்துக்கு எவ்வளவு வலு? செக்கனுக்கு 30 லீற்றர், பம்பில அமுக்கம் 200 பார். பெருக்கினால் 600 கிலோவாற்று. பம்பிலயும் கியரிலயும் மோட்டரிலயும் போற இழப்பைச் சேர்த்தால் 700. பாறைக்குக் கணக்குப் போட்ட நூறை இதோட வைச்சுப் பாருங்கோ. பெரிய றிக்குகளில ஒரு பம்ப் மட்டும் 1,600 குதிரைவலு, அப்பிடி மூண்டு வைச்சிருப்பினம்.

வேகத்தின்ர விலை இஞ்சதான் ஏறுது. மணிக்கு 30 மீற்றர் இறங்கினால் கிட்டத்தட்ட மூண்டு தொன் கல்லு மேல வரவேணும். 60 மீற்றர் எண்டால் ஆறு தொன். அதை அள்ளச் சேறு கெதியா ஓடவேணும். பைப்புக்குள்ள உராய்வால வாற அமுக்க இழப்பு, ஓட்டம் கூடுற அளவுக்கு மட்டும் கூடாது, ஓட்டத்தின்ர 1.8-ஆம் அடுக்கில கூடும். வலு எண்டு பாத்தால் 2.8-ஆம் அடுக்கு. ஓட்டத்தை 20 சதவீதம் கூட்டுங்கோ, வலு 67 சதவீதம் கூடும். மோட்டர் வாங்கிறதைப் பற்றிக் கதைக்கிற கனபேர் சுத்துற மோட்டரைத்தான் பாக்கினம். நான் முதல்ல பாக்கச் சொல்லுறது பம்ப் மோட்டரை.

வின்ச் கணக்குச் சுகமானது. அலகு தேஞ்சால் முழுப் பைப்பையும் வெளியில எடுக்கவேணும். 150 தொன் பாரத்தைச் செக்கனுக்கு அரை மீற்றர் வேகத்தில தூக்கினால் 735 கிலோவாற்று, ஏறக்குறைய 1,000 குதிரைவலு. தூக்கி முடிய அடுத்த பைப்பைக் கழட்டும் வரைக்கும் பூச்சியம். பிறகு திரும்ப ஆயிரம். மின்பிறப்பாக்கிக்கு இந்த ஏத்த இறக்கம் சரியான தொல்லை. பைப்பை இறக்கேக்க மோட்டர் தானே கரண்ட் உண்டாக்கும். அதைப் பெரிய தடையங்களில விட்டுச் சூடாக்கி வீசுறது வழமை. இப்ப சில றிக்குகளில பற்றரி வைச்சு அதைப் பிடிச்சு, அடுத்த தூக்கலுக்குப் பாவிக்கினம்.

[காட்சி: கோபுரத்துக்குள் தொங்கும் டொப் டிரைவ், கீழே சுற்றும் பைப்.]

இனிச் சுத்துற மோட்டர். முறுக்கு எண்டால் சுத்தித் திருப்புற பலம். வலு எண்டது முறுக்கும் சுழற்சி வேகமும் பெருக்கினது. நியூட்டன் மீற்றரை நிமிசச் சுத்தால பெருக்கி 9,549 ஆல பிரிச்சால் கிலோவாற்று வரும். இதை எழுதி வைச்சுக்கொள்ளுங்கோ.

பரவலாப் பாவிக்கிற ஒரு டொப் டிரைவில 400 குதிரைவலு ஏசி மோட்டர் ரெண்டு இருக்கு. தொடர்ந்து குடுக்கக்கூடிய முறுக்கு ஏறக்குறைய 50,800 நியூட்டன் மீற்றர். ஆகக்கூடிய வேகம் நிமிசத்துக்கு 228 சுத்து. ரெண்டையும் ஒண்டா எடுக்கலாமோ? ஏலாது. பெருக்கிப் பாருங்கோ, 1,200 கிலோவாற்றைத் தாண்டும். மோட்டரில இருக்கிறது 600 தான். முழு முறுக்கு 110 சுத்து மட்டுக்கும்தான். அதுக்கு மேல வேகம் கூட்டக் கூட்ட முறுக்கு இறங்கும், 228-ல பாதிக்கும் கீழ போயிடும். விளம்பரத்தில ரெண்டு எண்ணையும் பக்கத்தில பக்கத்தில போட்டிருப்பினம். எந்த வேகத்தில எவ்வளவு முறுக்கு எண்டு காட்டுற வளைகோட்டைக் கேட்டு வாங்கிப் பாக்கிறவர்தான் விசயம் தெரிஞ்சவர்.

முந்தி இந்த வேலைக்கு நேரோட்ட, அதாவது டிசி, மோட்டர். ஜெனரல் எலெக்ட்ரிக்கின்ர 752 எண்ட மொடல் றிக் உலகத்தில பேர்போனது. ரயில் எஞ்சினுக்குச் செய்த மோட்டர் அது, ஆயிரம் குதிரைவலு மட்டில. யாழ்தேவியை இழுத்த கனடா எஞ்சின்களுக்கு அடியிலயும் இதே சாதி நேரோட்ட மோட்டர்தான். நிண்ட நிலையில இருந்து பாரத்தை இழுக்கிற குணம் ரயிலுக்கும் வேணும், றிக்குக்கும் வேணும்.

சிக்கல் ரெண்டு. அதில தூரிகை இருக்கு, தூரிகையில தீப்பொறி வரும், வாயு கசியக்கூடிய இடத்தில தீப்பொறி ஆகாது. மோட்டருக்குள்ள எந்த நேரமும் சுத்தமான காத்தை ஊதிக்கொண்டு இருக்கவேணும். மற்றது, தைரிஸ்டர் எண்ட மின் ஆளி மூலம் ஆடலோட்டத்தை (ஏசியை) நேரோட்டமா மாத்திக் குடுக்கேக்க, குறைஞ்ச வேகத்தில கூடின முறுக்குக் கேட்டால் வலுக்காரணி, அதாவது இழுக்கிற கரண்டில உண்மையா வேலை செய்யிற பங்கு, மோசமா விழும். எஞ்சின் சும்மா உறுமிக்கொண்டு நிக்கும், கிலோவாற்று கொஞ்சம்தான் போகும், ஆனால் மின்பிறப்பாக்கியின்ர அம்பியர் உச்சத்தில நிக்கும். கரண்ட் எல்லாம் போய்வந்துகொண்டு இருக்குமே தவிர வேலை நடக்காது. அதுக்காக இன்னொரு மின்பிறப்பாக்கியை ஓடவிட்டு டீசலை எரிக்கவேணும்.

ஏசி மோட்டரை நேரா லைனில குடுத்தாலும் பிழை. வீட்டில தண்ணி மோட்டரைப் போடேக்க லைற் ஒருக்கா மங்குதே, தொடங்கிற அந்தக் கணம் அது வழமையை விட அஞ்சாறு மடங்கு கரண்டை இழுக்குது. ஆயிரம் குதிரைவலு மோட்டர் அப்பிடி இழுத்தால் றிக்கே இருண்டு போகும். இந்த இடத்தில வந்ததுதான் மாறு அதிர்வெண் டிரைவ். அது வாற கரண்டை நேரோட்டமாக்கி, திரும்ப வேண்டின அதிர்வெண்ணில ஆடலோட்டமாக்கிக் குடுக்கும். மோட்டர் பூச்சியம் சுத்தில நிண்டுகொண்டும் முழு முறுக்கைப் பிடிச்சு வைச்சிருக்கும். தூரிகை இல்லை, தீப்பொறி இல்லை, வலுக்காரணியும் நல்லா நிக்கும்.

பூச்சியம் சுத்தில முறுக்கு ஏன் இவ்வளவு முக்கியம்?

[அசைபடம்: நீளப் பைப் முறுகுகிறது. மேல் நுனி சுற்ற, கீழ் நுனி நிற்கிறது.]

3,000 மீற்றர் நீளத்தில அஞ்சு அங்குல உருக்குப் பைப். கீழ அலகு 10,000 நியூட்டன் மீற்றர் எதிர்ப்புக் காட்டுது. பைப் எவ்வளவு முறுகும் தெரியுமே? கணக்குப் போட்டால் அஞ்சு முழுச் சுத்து. மேல டொப் டிரைவ் அஞ்சு சுத்துச் சுத்தி முடிஞ்சாப் பிறகுதான் கீழ அலகுக்கு அந்த முறுக்கு முழுசாப் போய்ச் சேருது. அலகு பாறையில இறுகி நிண்டுது எண்டு வையுங்கோ. மேல சீரா 120 சுத்து ஓடிக்கொண்டே இருக்கும், பைப் முறுகிக்கொண்டே போகும், ஒரு கட்டத்தில அலகு பிய்ச்சுக்கொண்டு 300 சுத்துக்கும் மேல பறக்கும், பிறகு திரும்ப நிக்கும். சில செக்கனுக்கு ஒருக்கா இப்பிடியே. அலகில இருக்கிற செயற்கை வைரப் பல்லுகள் இதில உடையும். பைப் மூட்டும் களைச்சுப் போகும்.

மேல வேகத்தை இறுக்கிப் பிடிக்கிற டிரைவ் இதைக் கூட்டித்தான் விடும். நல்ல டிரைவ் விட்டுக்குடுக்கும்: முறுக்கு ஏறினால் வேகத்தைக் கொஞ்சம் தணிச்சு, இறங்கினால் கொஞ்சம் கூட்டி, மேல ஏறி வாற அலையை உறிஞ்சிப்போடும். இரும்பை மாத்தாமல் மென்பொருளை மாத்தித் தீர்த்த பிரச்சினை இது. எனக்கு இந்த வீடியோவில ஆகப் பிடிச்ச பகுதியும் இதுதான்.

வேகம் வேணுமெண்டால் இன்னொரு வழி: பைப்பைச் சுத்தாமல் அடியில மோட்டரை வையுங்கோ. சோவியத் ஆக்கள் இதில கைதேர்ந்தவை. 1922-லேயே கபெல்யுஷ்னிகோவ் எண்ட பொறியியலாளர் சேத்தால சுத்துற சுழலிக்கு (டர்பைனுக்கு) காப்புரிமை எடுத்தவர். ரஷ்யாவின்ர கோலா குடாநாட்டில 12,262 மீற்றர் வரை போன துளையும் அடியில சுழலி வைச்சுப் போட்டதுதான். சுழலி நிமிசத்துக்குப் பல நூறு சுத்துச் சுத்தும். 1974-ல மன்னார்த்தீவில பேசாலையில எண்ணெய் தேடிக் கிணறு தோண்டினதும் சோவியத் உதவியோடதான். எங்கட பக்கத்து மண்ணுக்கும் அந்தப் பள்ளிக்கூடத்தோட ஒரு தொடுப்பு இருக்கு.

ஆனால் அடியில சுத்துற அந்த வலு எங்கயிருந்து வருது? சேத்தில இருந்து. செக்கனுக்கு 30 லீற்றர் ஓடேக்க அடி மோட்டர் 40 பார் அமுக்கத்தை எடுத்தால் 120 கிலோவாற்று. அந்தப் பில்லும் பம்புக்குத்தான் போகும்.

அசர்பைஜானின்ர பாகு நகரில ஒஸ்ட்ரொவ்ஸ்கி, அலெக்சாண்ட்ரோவ் எண்ட ரெண்டு பேரும் 1930-களின்ர கடைசியில சேத்தை விட்டிட்டு நேரா மின்மோட்டரையே அடியில இறக்கினவை. ஒவ்வொரு பைப்புக்குள்ளயும் ஒரு துண்டு கேபிள், பைப்பைப் பூட்டேக்க கேபிளும் தானே பூட்டுப்படும். யோசனை அழகு. சேத்துக்கும் அமுக்கத்துக்கும் நடுவில நூற்றுக்கணக்கான இணைப்பு, அதில ஒண்டு கசிஞ்சாலும் எல்லாப் பைப்பையும் வெளியில எடுக்கவேணும். அதால அது உலகமெல்லாம் பரவேல்லை.

[காட்சி: கட்டுப்பாட்டு அறை. திரையில் நாலு பட்டைகள், ஒன்று சிவப்பாகிறது.]

கடைசியா ஒரு நிலைமை. துளை போட்டுக்கொண்டு இருக்கேக்க நாலில ஒரு மின்பிறப்பாக்கி விழுந்திட்டுது. மிச்சம் மூண்டுக்கும் பாரம் கூடி அதுகளும் விழாமல், கட்டுப்பாட்டுக் கருவி கண்ணிமைக்க முன்னம் டிரைவுகளின்ர வலுவை வெட்டும். துளை போடுறவர் அலகைப் பாறையில இருந்து கொஞ்சம் தூக்குவார், சுத்துறதைக் குறைப்பார், பம்பை மட்டும் நிப்பாட்ட மாட்டார். சேறு நிண்டால் பாதிவழியில நிக்கிற கல்லெல்லாம் கீழ இறங்கிப் பைப்பை இறுக்கிப் பிடிச்சிடும்.

நாலுமே விழுந்தால்? வின்சின்ர பிரேக் சுருள்வில்லால தானே இறுகும்படி செய்தது. கரண்ட் இருந்தால்தான் விடுபடும். கிணத்து வாயில இருக்கிற அடைப்பு வால்வுகளுக்கு நைதரசன் அமுக்கத்தில எண்ணெயை முன்கூட்டியே சேர்த்து வைச்சிருப்பினம். ஒரு கைபிடியைத் திருப்பினால் ஒரு வாற்றுக் கரண்டும் இல்லாமல் அது மூடும்.